டபிள்யூடிஎம் 7 டீசல் என்ஜினைப் பார்க்க ரயில் ரசிகர்கள் ஏன் அப்படி அலைகிறார்கள்? அதில் என்ன விசேஷம்?

முதல் காரணம் எண்ணிக்கை. வாரணாசி டீசல் லோகோ ஆலை 1987-89 காலத்தில் இதில் மொத்தம் 15 தான் செய்தது. 11001 முதல் 11015 வரை, அவ்வளவுதான். ஆயிரக்கணக்கில் ஓடிய டபிள்யூடிஎம் 2-க்கு (16 சிலிண்டர், 2,600 குதிரைத்திறன்) இது இளைத்த தம்பி: 12 சிலிண்டர், 2,000 குதிரைத்திறன். கிளைப் பாதைகளில் சின்ன வண்டிகளை இழுக்கச் செய்தார்கள். பிறகு சென்னை தண்டையார்பேட்டை ஷெட்டுக்கு வந்து, சென்ட்ரலில் காலி ரேக்குகளை (பெட்டித் தொடர்களை) இழுத்துப் போடும் ஷன்டிங் வேலையும் பார்த்தன. பெரிய கெட்டிக்கார என்ஜின் என்றெல்லாம் நான் சொல்ல மாட்டேன்.

நான் அதைப் பார்க்கப் போனதற்குக் காரணம் வேறு. எனக்கு ஊர் கடலூர். வீட்டிலிருந்து திருப்பாதிரிப்புலியூர் ஸ்டேஷன் நடக்கிற தூரம். 2006 கடைசி வரை எங்கள் பாதை மீட்டர் கேஜ், அதாவது குறுகிய பாதை. வருவதெல்லாம் ஒய்டிஎம் 4 டீசல் என்ஜின். ஆல்கோ என்ற அமெரிக்கக் கம்பெனியின் வடிவமைப்பு, ஆறு சிலிண்டர், 1,400 குதிரைத்திறன். சும்மா நிற்கும்போதே சிலிண்டரின் ஒவ்வொரு அடியும் தனித்தனியாகக் காதில் விழும். நடுவில் ஒரு அடி தவறின மாதிரி இருக்கும், அப்புறம் தானே பிடித்துக்கொள்ளும். கார்டு பச்சைக்கொடி காட்டி, டிரைவர் நாட்ச் (என்ஜின் சக்தியைக் கூட்டும் படி) ஏற்றினதும் கரும்புகை குபுகுபுவென்று எழும்பும். டீசல் உடனே பாய்ந்துவிடும். டர்போ வேகம் பிடித்துக் காற்றைத் தள்ளக் கொஞ்சம் தாமதமாகும். அந்த இடைவெளியில் எரியாமல் போவதுதான் புகை. (ஸ்டேஷன் ஓரத்தில் வெள்ளை வேட்டி காயப்போட்டவர்கள் யாரும் இதை ரசித்ததாகத் தெரியவில்லை.)

2010-ல் பிராட் கேஜ் (அகலப் பாதை) வந்தது, கூடவே பெரிய என்ஜின்களும். பதினாறு சிலிண்டர் என்ஜினில் அடிகள் நெருங்கிப்போய் ஒரே உறுமலாகக் கேட்கும். இப்போது மேலே கரண்ட் கம்பி. வண்டி வந்து நிற்பதே தெரிவதில்லை.

புதுச்சேரியில் ஒரு நண்பர் இருக்கிறார். என்ஜின் சத்தத்தை போனில் பதிந்து வைப்பது அவருக்குப் பொழுதுபோக்கு. சில வருடங்களுக்கு முன் ஒருநாள், “சென்ட்ரல்ல ஏழு நிக்குதாம், வரியா?” என்றார். போனோம். பிளாட்பார முனையில் நின்றுகொண்டிருந்தது. பார்த்தால் எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. அதே நீள மூக்கு, அதே கம்பிப்பிடிகள். எண்ணைப் படிக்காவிட்டால் டபிள்யூடிஎம் 2 என்றே கடந்து போயிருப்பேன்.

“பாக்காத, கேளு” என்றார்.

கேட்டேன். அடிகளை எண்ணிவிட முடியாது, ஆனால் உறுமலும் இல்லை. ஆறு சிலிண்டரை இரண்டு வரிசையாக வைத்துப் பூட்டின மாதிரி, ஒன்றின் அடிக்கு இன்னொன்று பதில் சொல்கிற மாதிரி இருந்தது. உண்மையில் அது அப்படித்தான்: ஒய்டிஎம் 4-ல் இருப்பதும் இதில் இருப்பதும் ஆல்கோவின் 251 என்கிற ஒரே எஞ்சின் குடும்பம். அங்கே ஒரே வரிசையில் ஆறு, இங்கே ‘வி’ வடிவில் இரண்டு பக்கமும் ஆறாறு.

வீட்டில் அந்தப் பதிவை அப்பாவுக்குப் போட்டுக் காட்டினேன். “மாயவரம் பாசஞ்சரா?” என்றார். கொஞ்சம் கேட்டுவிட்டு, “இல்ல, இது வேகமா அடிக்குது” என்று அவரே திருத்திக்கொண்டார்.

நண்பருக்கு அது நாலாவது. மீதிப் பதினொன்றைத் தேடிக்கொண்டிருக்கிறார்.