மரங்களுக்கு நடுவே எட்டு வீடு

அன்புள்ள ஐயா,

பழனி மலையில் தாண்டிக்குடி பக்கம் எட்டுக் குடும்பங்கள் சேர்ந்து ஐந்து ஏக்கர் காப்பித் தோட்டம் வாங்கியிருக்கிறோம். சில்வர் ஓக்கும் பலாவும் முள்முருங்கையும் வளர்ந்து நிற்கும் சரிவு. ஆளுக்கொரு மூலையில், மரங்களுக்குள் மறைந்த மாதிரி தனித்தனி வீடு; வெளிச்சுவரில் மரப்பலகை, பச்சைப் பெயின்ட்; நடுவில் பொதுச் சமையலறை. இப்படித்தான் பிளான் போட்டிருக்கிறார்கள். காட்டோடு ஒட்டிப்போகுமா?

க., வத்தலக்குண்டு

அன்புள்ள க.,

ஒட்டாது. எட்டு மூலையில் எட்டு வீடு என்றால் எட்டு இடத்தில் சரிவை வெட்டணும். எட்டு வண்டிப்பாதை, எட்டு செப்டிக் டேங்க். ரோட்டிலிருந்து பார்த்தால் வீடு தெரியாமல் போகலாம், ஆனால் தோட்டம் முழுக்க மண் அறுபட்டிருக்கும்.

நீலகிரியில் படுகர் ஹட்டிகளை, அதாவது அவர்கள் ஊர்களை, போய்ப் பாருங்கள். பக்கச்சுவரைப் பகிர்ந்துகொண்டு வீடுகள் வரிசையாக, சரிவுக்குக் குறுக்கே ஒரே மட்டத்தில் ஓடும். முன்னால் பொது முற்றம். உங்களுக்கும் நான்கு நான்கு வீடாக இரண்டு வரிசை போதும். சமையல், துணி துவைப்பு, விருந்தினர் அறை எல்லாம் பொது என்றால் ஒரு வீட்டை 60 சதுர மீட்டருக்குள் அடக்கிவிடலாம். கார்கள் மேலே ரோட்டோரம் நிற்கட்டும். அங்கிருந்து வீடுகளுக்கு 1.2 மீட்டர் அகல நடைபாதை, காஸ் சிலிண்டர் வண்டியைத் தள்ளிக்கொண்டு போகிற அளவு சாய்வில்.

பிளானுக்கு முன்னால் சர்வே. அரை மீட்டர் உயரத்துக்கு ஒரு சம உயரக் கோடு, ஒரு மரம் விடாமல் குறிக்கணும். மார்பு உயரத்தில் மரத்தின் விட்டத்தை அளந்து 12-ஆல் பெருக்குங்கள். 40 செ.மீ. மரம் என்றால் 4.8 மீட்டர். சுற்றிலும் அந்தத் தூரத்துக்குள் குழி, மண், ஜல்லி, லாரி எதுவும் வரக்கூடாது. வேரில் பெரும்பகுதி மேல்மண்ணில்தான் இருக்கிறது. அடிமரத்தைச் சுற்றி ஓர் அடி மண் கொட்டினாலே வேருக்குக் காற்று போகாது. மரம் உடனே சாகாது. இரண்டு மூன்று வருஷம் கழித்து உச்சி காயும். அப்போது அது உங்கள் கூரைமேல் சாய்ந்து நிற்கும்.

3 மீட்டருக்கு 1 மீட்டர் இறங்கும் சரிவில் 6 மீட்டர் ஆழமுள்ள வீட்டுக்கு முன்னும் பின்னும் 2 மீட்டர் வித்தியாசம் வரும். ஜே.சி.பி.யை விட்டால் மேல்பாதியை வெட்டிக் கீழ்பாதியில் கொட்டி மட்டமாக்கிவிடும். வெட்டிய பக்கம் கெட்டி, கொட்டிய பக்கம் இளகல். இரண்டு மழைக்காலத்தில் இளகின பக்கம் இறங்கி, இரண்டும் சேர்கிற கோட்டில் தரையில் கிளம்பும் விரிசல் சுவரேறிக் கூரைவரை போகும். கலவை பூசி அதை மூட முடியாது. அதனால் வீட்டை 3 மீட்டர் அகலத்தில் இரண்டு பட்டையாகப் பிரித்து, நடுவில் ஆறு படி வைத்து 1 மீட்டர் இறக்குங்கள். மேல்பட்டை மண்மேல், கீழ்ப்பட்டை தூண்மேல். ஃபுட்டிங், அதாவது அஸ்திவாரத்தின் அடிப்பகுதி, எல்லாம் வெட்டுப்படாத பழைய மண்ணுக்குள் இறங்கியிருக்கணும். வெட்டு அரை மீட்டரைத் தாண்டாது.

அடுத்தது தண்ணீர். பொதுக் கட்டடமும் சேர்த்து 600 சதுர மீட்டர் கூரை வரும். 100 மி.மீ. மழை பெய்தால் 60,000 லிட்டர். இதுவரை சருகில் விழுந்து ஊறிய தண்ணீர் இனி ஒரே இடத்தில் கொட்டும். தொட்டியில் பிடித்தது போக மிச்சத்தைப் படிப்படியாக இறங்கும் கல் வாய்க்கால் வழியாக இயற்கையான ஓடை வரைக்கும் கொண்டுபோய் விடுங்கள். பாதி வழியில் சரிவில் விட்டால் அந்த இடம்தான் முதலில் சரியும். ஒவ்வொரு வரிசைக்கு மேலேயும், சரிவில் இறங்கிவரும் தண்ணீரைத் திருப்பிவிட ஒரு வெட்டு வாய்க்கால் வேண்டும். தடுப்புச்சுவர் கட்டினால் பின்னால் ஓர் அடிக்குக் கல் நிரப்பி, 1.5 மீட்டருக்கு ஒரு 75 மி.மீ. குழாய் துளை. பல சுவர்கள் விழுவது மண்ணின் கனத்தோடு பின்னால் தேங்கும் தண்ணீரும் சேர்ந்து தள்ளுவதால். 2009 நவம்பரில் நீலகிரியில், கேத்தி, குன்னூர் பக்கமெல்லாம் சரிந்து 40 பேருக்கு மேல் இறந்த மழையை நினைவில் வையுங்கள். செங்குத்தாக வெட்டி வடிகாலை அடைத்த சரிவு அந்த மாதிரி மழையைத் தாங்காது.

செப்டிக் டேங்க் ஒன்றே போதும், வரிசைகளுக்குக் கீழே, ஊற்றிலிருந்து 30 மீட்டராவது தள்ளி. உறிஞ்சுகுழி வேண்டாம், சரிவின் உள்மண்ணை ஊறவைத்துவிடும். வெளிவரும் தண்ணீரைக் கல்வாழை நட்ட ஜல்லிப் படுகையில் விடுங்கள், ஆளுக்கு 2 சதுர மீட்டர் கணக்கில்.

மரப்பலகையை விட்டுவிடுங்கள். அந்தப் பனியிலும் மழையிலும் பூஞ்சையும் கறையானும் பிடிக்கும். உள்ளூர்க் கல், மண்நிறப் பூச்சு, 30 பாகைச் சரிவில் ஓட்டுக் கூரை, 90 செ.மீ. இறவாரம் போதும்.

பலா மரத்தருகே வீட்டு வரிசை வரவே கூடாது. பழுக்கும் காலத்தில் யானை வரும். அதுவும் காட்டுமாடும் போகிற தடம் எது என்று தோட்டத்தில் வேலை செய்கிறவர்களிடம் கேட்டு, அதை வேலி போடாமல் விடுங்கள்.

மரம் வெட்ட 1955-ஆம் ஆண்டின் மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி வேண்டும். உங்கள் கிராமம் ஹாகா (HACA, மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழுமம்) பட்டியலில் இருக்கிறதா என்று அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே பார்த்திருப்பீர்கள் என்று நம்புகிறேன். இல்லையென்றால் நாளைக்கே பாருங்கள்.

ஐப்பசி, கார்த்திகை மழை முடியும்வரை எதையும் தோண்டாதீர்கள். அந்த இரண்டு மாதமும் தண்ணீர் ஓடுகிற, தேங்குகிற, கசிகிற இடங்களிலெல்லாம் குச்சி நட்டு, மழை விட்டதும் அவற்றை சர்வே படத்தில் ஏற்றுங்கள். ஆர்க்கிடெக்டிடம் அந்தப் படத்தைக் கொடுத்து, பழைய பிளானை ஒதுக்கிவைக்கச் சொல்லுங்கள்.