குங்குமம் செங்கல் நிறமாகத் தெரிவது ஏன்? எல்ஈடி விளக்குகள் பற்றி ஒரு வாசகரின் கேள்வி

கேள்வி: "தஞ்சாவூரில் ஒரு பழைய வீட்டை வாடகைக்கு எடுத்து இணையத் தொடர் ஒன்றைப் படம்பிடித்து வருகிறோம். இதற்காக மூன்று எல்ஈடி பேனல்கள் வாங்கினோம். பெட்டியில் 'சிஆர்ஐ 95' என்று அச்சிட்டிருக்கிறது. ஆனாலும் நடிகர்களின் முகம் பச்சை பாய்ந்து தெரிகிறது. நெற்றிக் குங்குமம் செங்கல் நிறத்துக்கு மங்கிவிடுகிறது. வெளிச்சத்தைக் குறைத்தால் திரையில் கோடுகள் ஓடுகின்றன. வேறு விளக்கு வாங்குவதா, வாடகைக்கு எடுப்பதா, இருப்பதை வைத்தே சரிசெய்ய முடியுமா?"

பதில்: நீங்கள் அனுப்பியிருந்த இரண்டு படங்களையும் உற்றுப் பார்த்தேன். முதல் படத்தில் நடிகை உட்கார்ந்திருக்கும் இடத்துக்கு மூன்றடி தள்ளி இளம்பச்சைச் சுவர் இருக்கிறது. கூடத்தின் மூலையில் வீட்டு டியூப்லைட் எரிந்துகொண்டிருக்கிறது. ஆகவே பழியை முழுவதும் பேனல்கள் மீது போட முடியாது. பேனலிலிருந்து புறப்படும் வெளிச்சம் சுவரில் பட்டுத் திரும்பும்போது சுவரின் நிறத்தையும் ஏந்தி வந்து, கன்னத்தின் நிழற்பக்கத்தில் பூசிவிடுகிறது. கறுப்புத் துணி ஒன்றைச் சுவருக்கும் நடிகைக்கும் இடையே, கேமராவில் தெரியாத இடத்தில் தொங்கவிட்டு, டியூப்லைட்டை அணைத்துவிட்டு, அதே காட்சியை மறுபடி எடுத்துப் பாருங்கள். பச்சை பாதியாவது குறைந்திருக்கும். மிஞ்சியிருக்கும் பச்சைதான் உங்கள் விளக்கின் குறை. அதை மட்டும் தனியே பிரித்து அறிந்த பிறகே புதிய விளக்குக்குப் பணம் செலவிடுவதைப் பற்றி யோசிக்க வேண்டும்.

இனி விளக்குக்கு வருவோம். வெள்ளை எல்ஈடி என்று நாம் சொல்வது பெரும்பாலும் உள்ளுக்குள் ஒரு நீல எல்ஈடிதான். அந்த நீல ஒளியின் ஒரு பகுதியை மேலே பூசப்பட்டிருக்கும் பாஸ்பர் என்ற ஒளிரும் பொருள் உறிஞ்சி, மஞ்சளும் பச்சையும் ஓரளவு சிவப்புமாக வெளியிடுகிறது. இரண்டும் கலந்து கண்ணுக்கு வெள்ளையாகத் தெரிகிறது. நீல எல்ஈடியைச் சாத்தியமாக்கியதற்காக அகசாகி, அமானோ, நகாமுரா ஆகிய மூவருக்கும் 2014-ஆம் ஆண்டு இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. நம் கையிலிருக்கும் பேனல்கள் அந்தக் கண்டுபிடிப்பின் வழிவந்தவையே. ஆனால் இந்த ஒளியில் எந்த நிறம் எவ்வளவு என்பதைக் காட்டும் நிறமாலையை வரைந்து பார்த்தால், 450 நானோமீட்டர் அருகே நீலத்தில் ஒரு கூரிய முகடும், 480-ஐ ஒட்டி ஒரு பள்ளமும் தெரியும். மலிவான பாஸ்பராக இருந்தால் ஆழ்ந்த சிவப்புப் பகுதி சீக்கிரமே சரிந்துவிடும். பழைய இழை விளக்கான டங்ஸ்டன் விளக்கில் இந்த மேடுபள்ளம் கிடையாது. சிவப்பை நோக்கி அது சீராக ஏறிக்கொண்டே போகும். குங்குமத்தின் சிவப்பைத் திரையில் காட்ட வேண்டுமென்றால், குங்குமத்தின் மீது விழும் ஒளியில் முதலில் அந்தச் சிவப்பு இருக்க வேண்டும். விளக்கில் இல்லாத நிறத்தைப் பொருள் திருப்பித் தராது. கேமராவில் வெள்ளையை வெள்ளையாகக் காட்டுவதற்கான வெள்ளைச் சமநிலையை எப்படித் திருப்பினாலும் இல்லாததை வரவழைக்க இயலாது.

அப்படியானால் பெட்டியில் 95 என்று போட்டிருப்பது பொய்யா? பொய்யாக இருக்க வேண்டியதில்லை. ஆனால் அந்த எண் எதை அளக்கிறது என்பதை அறிந்துகொள்ள வேண்டும். சிஆர்ஐ என்பது ஒரு விளக்கில் நிறங்கள் எவ்வளவு இயல்பாகத் தெரிகின்றன என்பதைக் காட்டும் எண்; வெளிறிய எட்டு நிறங்களுக்குக் கிடைக்கும் மதிப்புகளின் சராசரி. அவற்றுள் அடர்சிவப்பு இல்லை. அடர்சிவப்பு 'ஆர் 9' என்ற பெயரில் தனியாக அளக்கப்படுகிறது, சராசரியில் அது சேர்வதே இல்லை. சிஆர்ஐ 80 உள்ள சாதாரண வீட்டு எல்ஈடி பல்பில் ஆர் 9 சுழியத்தை ஒட்டி இருப்பதும் உண்டு. நம் கதைகளில் வரும் குங்குமம், அரக்குப் புடவை, மருதாணி, வெற்றிலை போட்ட வாய், இவற்றுக்கெல்லாம் மேலாகத் தோலுக்கடியில் ஓடும் இரத்தத்தின் சாயல் என எல்லாமே இந்தச் சிவப்பை நம்பித்தான் இருக்கின்றன. முகத்தில் அது குறைந்தால் நடிகர் நோயாளிபோலத் தெரிவார். ஒப்பனைக் கலைஞர் அதை மறைக்க மேலும் மேலும் பூசுவார். விற்பவரிடம் ஆர் 9 எவ்வளவு என்று கேளுங்கள். 90-க்கு மேல் இருந்தால் நல்லது. எண் தர மறுத்தால் அந்த விளக்கை வாங்காதீர்கள்.

இன்னொன்று, சிஆர்ஐ மனிதக் கண்ணை வைத்து உருவாக்கப்பட்ட அளவு, கேமராவின் சென்சாரை வைத்து அல்ல. இந்தக் குறையைப் போக்கவே ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியம் 2012-இல் டிஎல்சிஐ என்ற அளவைக் கொண்டுவந்தது. அதில் 85-க்கு மேல் இருந்தால் நிறத்திருத்துநர் அந்த விளக்குக்காகத் தனியே மெனக்கெட வேண்டியிருக்காது. அமெரிக்கத் திரைப்பட அகாதமி உருவாக்கிய எஸ்எஸ்ஐ இன்னும் கண்டிப்பானது: ஒரு விளக்கின் நிறமாலை டங்ஸ்டனோடு அல்லது பகல் ஒளியோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்பதை எந்தக் கேமராவையும் சாராமல் அது சொல்லிவிடும். இந்த மூன்றில் எந்த எண்ணும் கைக்கு வராவிட்டால், கடைக்கு ஒரு சிமிழ்க் குங்குமத்தையும் அரக்குப் பட்டுத் துண்டு ஒன்றையும் எடுத்துச் செல்லுங்கள். இரண்டையும் உங்கள் புறங்கையோடு சேர்த்து வெயிலில் ஒருமுறையும் அந்த விளக்கில் ஒருமுறையும், வெள்ளைச் சமநிலையை இரண்டு முறையும் சாம்பல் அட்டையில் சரிசெய்துகொண்டு, படமெடுத்து ஒப்பிடுங்கள். நான் இன்றும் புதிய விளக்கு எது வந்தாலும் செய்யும் சோதனை இதுதான்.

வெவ்வேறு வகை விளக்குகளை ஒரே முகத்தில் கலப்பதைப் பற்றியும் எச்சரிக்க விரும்புகிறேன். ஒரு தொடரின் படப்பிடிப்பில் மூன்று இடங்களிலிருந்து வாங்கிய பேனல்களை வைத்து இரண்டு நாள் எடுத்தோம். எல்லாவற்றிலும் 5600 கெல்வின் என்றே காட்டியது. படத்தொகுப்பில் பார்த்தபோது, ஒரு பக்கத்திலிருந்து எடுத்த ஷாட்டில் அரக்காக இருந்த பாவாடை, மறுபக்கத்து ஷாட்டில் காப்பிப்பொடி நிறத்தில் இருந்தது. கெல்வின் எண் ஒளி வெதுவெதுப்பா குளிர்ச்சியா என்பதை மட்டும் சொல்லும்; பச்சைக்கும் மெஜந்தாவுக்கும் இடையே அது எந்தப் பக்கம் சாய்கிறது என்பதைச் சொல்லாது. உங்கள் பேனல்களில் கறுப்புத் துணிச் சோதனைக்குப் பிறகும் பச்சை மிஞ்சினால், பச்சையைக் குறைக்கும் மெஜந்தா சாயல் கொண்ட கால்பங்கு மைனஸ் கிரீன் ஜெல் தாளை முன்னால் ஒட்டிப் பாருங்கள். பலமுறை அதுவே போதுமானதாக இருக்கும்.

கோடுகள் ஓடுவது வேறு நோய். விலை குறைந்த பேனல்கள் வெளிச்சத்தைக் குறைக்கும்போது உண்மையில் மின்னோட்டத்தைக் குறைப்பதில்லை. மிக வேகமாக எரிந்து அணைகின்றன, அணைந்திருக்கும் நேரம் கூடக்கூடக் கண்ணுக்கு மங்கலாகத் தெரிகிறது. கேமராவின் சென்சாரோ படத்தை ஒரேயடியாக எடுக்காமல் வரிவரியாகப் படிக்கிறது. ஆகவே விளக்கு எரியும்போது படித்த வரிகள் வெளிச்சமாகவும் அணைந்தபோது படித்தவை இருட்டாகவும் பதிந்து கோடுகளாகின்றன. இது பேனலின் குறையா, வீட்டு மின்சாரத்தின் குறையா என்பதை அறிய, வீட்டு விளக்குகளை அணைத்துவிட்டுப் பேனலைப் பேட்டரியில் எரிய விடுங்கள். கோடு மறைந்தால் அடாப்டர் அல்லது வீட்டு விளக்கு காரணம். அப்படியே இருந்தால் பேனல்தான். பேனலாக இருந்தால் அதை முழு வெளிச்சத்திலேயே வைத்துக்கொண்டு, தள்ளி வைத்தோ முன்னால் துணி கட்டியோ ஒளியைக் குறைப்பதே வழி. தூரம் இரட்டிப்பானால் ஒளி நான்கில் ஒரு பங்காகும் என்பதால், நான்கடியிலிருந்து எட்டடிக்கு நகர்த்துவதே பெரிய மாற்றத்தைத் தரும். வீட்டு மின்சாரம் காரணமென்றால் ஷட்டரை மாற்ற வேண்டும். நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் வீட்டு விளக்குகள் நொடிக்கு 100 முறை ஏறி இறங்குகின்றன. ஷட்டர் நேரம் 1/50 நொடியாக இருந்தால் ஒவ்வொரு ஃப்ரேமிலும் சரியாக இரண்டு ஏற்ற இறக்கங்கள் அடங்கிக் கோடு தெரியாது. கேமராவில் ஷட்டரைக் கோணமாக அமைப்பதானால், நொடிக்கு 25 ஃப்ரேமில் எடுத்தால் 180 டிகிரி, 24 ஃப்ரேமில் எடுத்தால் 172.8 டிகிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். இத்துடன், மேற்கூரையில் ஒளியை அடித்துத் திருப்பும்போது மின்விசிறி சுழன்றால் இறக்கைகளின் நிழல் முகத்தில் துடிக்கும். பலர் இதையும் விளக்கின் குறையென்றே எண்ணி ஏமாறுகிறார்கள்.

உங்கள் இரண்டாவது படத்தில் என்னை அதிகம் உறுத்தியது நிறமல்ல, ஒளிரும் பரப்பின் சிறுமை. மாநிறமும் கறுப்புமான நம் முகங்களுக்கு வெளிச்சம் போதவில்லை என்று எண்ணிச் சிறிய பேனலை நேருக்கு நேர் நிறுத்தி அடிக்கும் பழக்கம் இன்னும் பரவலாக இருக்கிறது. அதனால் நெற்றியிலும் மூக்கு நுனியிலும் வெள்ளைப் புள்ளிகள் விழுகின்றன, மற்ற இடம் தட்டையாகிறது. கறுத்த தோல் அழகு பெறுவது அதன் மீது பிரதிபலிக்கும் பெரிய ஒளிப்பரப்பால்தான். ஒரு சன்னல் அளவுள்ள ஒளியைப் பக்கவாட்டில் வைத்தால், கன்ன எலும்பிலிருந்து தாடைவரை ஒரு மெல்லிய பளபளப்பு இறங்கி வரும். தோலின் உண்மையான நிறம் கொஞ்சமும் வெளுக்காமல் முகத்தின் வடிவம் எழுந்து நிற்கும். யாருடைய நிறத்தையும் வெளுத்துக் காட்டுவது ஒளிப்பதிவின் வேலையல்ல என்பதில் எனக்குச் சமரசம் இல்லை.

ஒளி மென்மையாவது விளக்கின் வாட்டால் அல்ல, நடிகரின் இடத்திலிருந்து பார்க்கும்போது ஒளிரும் பரப்பு எவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்பதால். ஒளிப்பதிவாளர் சுப்ரத மித்ரா 1950களின் நடுவில் 'அபராஜிதோ' படத்துக்காக, ஸ்டூடியோவில் போட்ட காசி வீட்டு முற்றத்தின் மேலே வெள்ளைத் துணியை விரித்துக் கட்டி, விளக்குகளைக் கீழிருந்து அதன் மீது அடித்து, முற்றத்தில் இறங்கும் வான்வெளிச்சத்தை உருவாக்கினார். உங்களிடமும் முற்றம் இருக்கிறது, துணியும் கிடைக்கும். ஆறடிக்கு ஆறடி சட்டத்தில் துணி கட்டி, பேனல்கள் மூன்றையும் சேர்த்து அதன் வழியாக அனுப்பினால், உங்கள் லைட்மேன் ஸ்கிம்மர் என்று சொல்வது தயாராகிவிடும். நீலம் போட்டு வெளுத்த வேட்டி வேண்டாம். அந்த நீலம் ஒளியிலும் ஏறும். வெளுக்காத காடாத்துணி ஒளியைச் சற்றே வெதுவெதுப்பாக்கி நம் தோலுக்கு இதமாக அமையும். நிழற்பக்கத்தைக் கொஞ்சம் தூக்கத் தெர்மோகோல் பலகை ஒன்று போதும்.

வாங்கித்தான் ஆக வேண்டுமென்றால், நான்காவதாக இன்னொரு பேனல் வாங்காதீர்கள். 200 முதல் 300 வாட் அளவில், பகல் ஒளி நிறம் மட்டும் தரும் ஒற்றைப் புள்ளி விளக்கு, அதாவது 'சிஓபி' வகை ஒன்றும், உறுதியான ஸ்டாண்டும், மணல் மூட்டையும் வாங்குங்கள். மஞ்சள் சாய்ந்த ஒளி, பகல் ஒளி இரண்டையும் தரும் இரு நிற விளக்குகள் வசதியானவைதான். ஆனால் அவை பலவற்றில் 3200 அல்லது 5600 கெல்வின் முனைக்குப் போகும்போது பாதி டையோடுகளே எரிவதால், கொடுத்த காசுக்குப் பாதி வெளிச்சம்தான் கிடைக்கும். பல வண்ண விளக்குகளைப் பின்னணிக்கு வைத்துக்கொள்ளலாம். சிவப்பு, பச்சை, நீலம் மூன்றை மட்டும் கலந்து உண்டாக்கிய வெள்ளையை முகத்தில் அடிக்கக் கூடாது. சன்னலுக்கு வெளியிலிருந்து வெயில்போல் அடிக்க வேண்டிய நாட்களுக்கு 600 வாட்டோ 1200 வாட்டோ வாடகைக்கு எடுங்கள். சென்னையில் வடபழனி, சாலிகிராமம் பகுதிகளில் நாள் வாடகைக்குக் கிடைக்கும். 600 வாட் விளக்கு சுவரிலிருந்து 700 வாட்டுக்கு மேலும் இழுக்கக்கூடும் என்பதால், பழைய வீட்டின் 5 ஆம்பியர் பிளக்கில் இரண்டைச் சேர்த்துச் செருக வேண்டாம். 15 ஆம்பியர் பிளக்கிலிருந்து தனி ஒயர் இழுத்து, எர்த் இருக்கிறதா என்பதை எலக்ட்ரீஷியனை வைத்துச் சோதித்துவிடுங்கள்.

குத்துவிளக்குக் காட்சி ஒன்றும் இருப்பதாக எழுதியிருந்தீர்கள். சுடரின் நிற வெப்பநிலை ஏறத்தாழ 1900 கெல்வின். உங்கள் பேனல் அவ்வளவு கீழே இறங்காது. அந்த ஓர் இரவுக்கு மட்டும் 'பேபி' எனப்படும் பழைய 1 கிலோவாட் டங்ஸ்டன் விளக்கு ஒன்றை வாடகைக்கு எடுத்து, டிம்மரில் பாதிக்குக் கீழே இறக்கி, காடாத்துணியில் அடித்துத் திருப்புங்கள். டங்ஸ்டன் மங்க மங்கச் சிவப்பேறிக்கொண்டே போகும். குங்குமம் அன்றிரவு சரியான நிறத்தில் விழும். மறுநாள் பேனலில் எடுக்கும் ஷாட்டுகளை அந்த ஃப்ரேமோடு ஒப்பிட்டுச் சரிசெய்துகொள்ளுங்கள்.