பதினைந்து கிலோமீட்டருக்குள் ஒரு வானொலி

கேள்வி: சமுதாய வானொலியில் (ஒரு பகுதி மக்களுக்காக, அவர்களையும் சேர்த்துக்கொண்டு நடத்தும் சின்ன வானொலி) வரும் ஏரியா கதைகளைப் பற்றி அடிக்கடி எழுதுகிறீர்கள். சென்னையில் பாதிப்பேர் வெளியூரிலிருந்து வந்தவர்கள். இங்கே உள்ளூர்ப் பண்பாடு என்று தனியாக என்ன இருக்கிறது? கையில் போன் இருக்கும்போது, பதினைந்து கிலோமீட்டர்கூடத் தாண்டாத ஒரு ஸ்டேஷனை யார் கேட்கப்போகிறார்கள்?
– ஒரு வாசகர், பெரம்பூர்

பதில்: பெரம்பூரில் இருந்துகொண்டா இப்படிக் கேட்கிறீர்கள்? பக்கிங்காம், கர்நாடிக் மில் தொழிலாளர்கள் திரண்டு 1918-ல் சென்னைத் தொழிலாளர் சங்கத்தைத் தொடங்கியது உங்கள் பக்கத்தில்தான். பி.பி. வாடியா தலைவராக இருந்தார், திரு.வி.க. கூட நின்றார். இந்தியாவில் முறையாக அமைந்த முதல் தொழிற்சங்கம் என்று அதைத்தான் சொல்கிறார்கள். மில் மூடிப் பல வருடம் ஆகிவிட்டது. ஆனால் அங்கே ஷிப்டு பார்த்தவர்களின் குடும்பங்கள் இன்னும் புளியந்தோப்பிலும் ஓட்டேரியிலும் இருக்கின்றன. ரயில்வே வேலைக்கென்று வந்து தங்கிய ஆங்கிலோ இந்தியர்கள், வீட்டில் தெலுங்கும் தெருவில் தமிழும் பேசுகிறவர்கள், ஜமாலியா பக்கத்து உருதுக் குடும்பங்கள் எல்லோரும் உங்களுக்கு நடந்துபோகிற தூரம். யார் எந்த ஊரிலிருந்து, என்ன பிழைப்புக்காக, எந்தத் தெருவுக்கு வந்தார்கள் என்பதுதான் சென்னையின் உள்ளூர்ப் பண்பாடு. பீச் ஸ்டேஷன் எதிரே விற்கும் அத்தோ என்ற நூடுல்ஸ் உணவை பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்கள் கொண்டுவந்தார்கள். அதைத் தின்கிற நம்மில் எத்தனை பேருக்கு அந்தக் குடும்பங்கள் இங்கே வந்து சேர்ந்த கதை தெரியும்?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இந்த ஊரில் வானொலி முதலில் அரசாங்கத்தால் வரவில்லை. 1924-ல் சி.வி. கிருஷ்ணசாமி செட்டியாரும் சில ஆர்வலர்களும் சேர்ந்து சென்னை மாகாண ரேடியோ கிளப் என்று ஒன்றைத் தொடங்கி, தாங்களே ஒலிபரப்பினார்கள். பணமில்லாமல் 1927-ல் அது நின்றது. கருவியை மாநகராட்சியிடம் கொடுத்தார்கள். 1930-லிருந்து மாநகராட்சி ரிப்பன் கட்டடத்திலிருந்து ஒலிபரப்பியது. மெரினாவிலும் பூங்காக்களிலும் ஒலிபெருக்கி வைத்து ஜனங்கள் கூட்டமாகக் கேட்டார்கள். அகில இந்திய வானொலி இங்கே வந்தது 1938-ல். மாநகராட்சி நடத்திய வானொலியைக் கேட்டுப் பழகிய ஊருக்கு, ஏரியா வானொலி எதற்கு என்ற கேள்வி பொருந்தவில்லை.

போன் விஷயத்துக்கு வருகிறேன். போனில் எல்லாம் கிடைக்கிறது என்பது சரி. ஆனால் போனுக்குள் வருகிற குரல் யாருடையது? கானா பாடுகிறவர் சினிமாவுக்குள் போனபிறகுதான் நமக்குத் தெரிகிறார். சாவு வீட்டில் விடிய விடிய உட்கார்ந்து, இறந்தவரின் பெயரையும் அவர் செய்த நல்லதையும் அங்கேயே கட்டிப் பாடுகிறவரை யார் பதிவு செய்கிறார்கள்? வடசென்னைப் பேச்சு திரையில் ரவுடிக்கும் காமெடிக்கும் போதும் என்று வைத்திருக்கிறோம். அதே பேச்சில் ஓர் அம்மா ரத்தச் சோகையைப் பற்றியோ ரேஷன் கார்டு மாற்றுவதைப் பற்றியோ மைக்கில் சொல்லும்போது, கேட்கிற பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு அது முழுசாகப் புரிகிறது, நம்மாள் பேசுகிறாள் என்ற தெம்பும் வருகிறது. உள்ளூர் மொழியிலும் வட்டார வழக்கிலும் பேசுங்கள், நிகழ்ச்சிகளில் பாதியாவது அந்தப் பகுதி மக்களைச் சேர்த்துக்கொண்டு தயாரியுங்கள் என்று 2006-ம் ஆண்டின் மத்திய அரசு சமுதாய வானொலிக் கொள்கையே சொல்கிறது. இது எனக்கு மிகவும் பிடித்த விதி.

தூரம் குறைவு என்று சலித்துக்கொள்கிறீர்கள். 50 வாட் டிரான்ஸ்மிட்டரும் 30 மீட்டருக்கு மிகாத கோபுரமும் வைத்துக்கொண்டு அவ்வளவுதான் போகும். அதில்தான் இதன் பலமே இருக்கிறது. பேசுகிறவரும் கேட்கிறவரும் ஒரே மார்க்கெட்டில் காய் வாங்குகிறார்கள். தப்பாகச் சொன்னால் மறுநாள் பஸ் ஸ்டாண்டில் பிடித்துக் கேட்டுவிடுவார்கள். பாம்பனில் மீனவர்களுக்காக நடக்கும் கடல் ஓசை வானொலி காற்றையும் கடலையும் அவர்கள் பேச்சிலேயே சொல்கிறது. அதைச் சென்னையில் இருப்பவர் கேட்டு என்ன ஆகப்போகிறது? கேட்க வேண்டியவர் கேட்டால் போதும். காசிமேட்டில் அப்படி ஒரு குரல் தினமும் ஒலிக்க வேண்டும் என்பது என் ஆசை. 2015 வெள்ளத்தில் கரண்டும் போன் சிக்னலும் போய், பல பேட்டைகளில் யாருக்கும் யாரையும் கூப்பிட முடியவில்லை. பேட்டரியில் ஓடும் சின்ன ரேடியோ அந்த நேரத்துக்கும் ஆகும்.

உங்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. இந்தியாவின் முதல் சமுதாய வானொலி 2004 பிப்ரவரி 1-ல் நம் அண்ணா பல்கலைக்கழகத்தில்தான் தொடங்கியது. சென்னையில் அப்புறம் வந்தவையும் பெரும்பாலும் கல்லூரி வளாகத்துக்குள்தான். தெலங்கானாவில் மச்னூர் கிராமத்து தலித் பெண்கள் 2008-லிருந்து சங்கம் ரேடியோவைத் தாங்களே நடத்துகிறார்கள். அப்படிக் கண்ணகி நகர்ப் பெண்கள் கையில் ஒரு ஸ்டேஷன் இருக்க வேண்டாமா? நகரத்தின் பல பேட்டைகளிலிருந்து எடுத்துக் கொண்டுபோய்க் குடியமர்த்தப்பட்டவர்கள் அவர்கள். ஒவ்வொரு வீட்டிலும் விட்டுவந்த ஓர் இடத்தின் கதை இருக்கிறது. மாணவர்கள் மைக்கோடு வளாகத்து கேட்டைத் தாண்டிப் போவது நல்லது. மைக்கை அங்கேயே கொடுத்துவிட்டு வருவது அதைவிட நல்லது.

பணம் ஒரு தடைதான். இப்போது மணிக்கு 12 நிமிடம் வரை விளம்பரம் போடலாம். அரசு விளம்பரத்துக்கு 10 நொடிக்கு 74 ரூபாய். ஏரியா மெடிக்கல் ஷாப்பும் டியூஷன் சென்டரும் கொஞ்சம் கைகொடுத்தால் சமாளிக்கலாம்.

எனக்கு நிஜமாகவே கோபம் வருவது வேறு ஒரு விதியால். சமுதாய வானொலி சொந்தமாகச் செய்தியோ நடப்பு அரசியலோ சொல்லக் கூடாது. அகில இந்திய வானொலியின் செய்தியை வேண்டுமானால் அப்படியே எடுத்து ஒலிபரப்பலாம். நிர்வாகம் கொடுக்கும் குடிநீர், மின்சார அறிவிப்பைப் படிக்கலாம். நாளைக்குத் தண்ணீர் வராது என்று சொல்ல அனுமதி உண்டு. ஏன் வரவில்லை என்று வார்டு கவுன்சிலரை உட்காரவைத்து நாலு பேர் கேட்டால், அது நடப்பு அரசியல் ஆகிவிடுமோ என்று ஸ்டேஷன் தயங்க வேண்டியிருக்கிறது. அலைவரிசை பொதுமக்களின் சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995-லேயே சொல்லிவிட்டது. 200 வார்டு உள்ள மாநகராட்சியில், தன் வார்டு கூட்டத்தில் பேசியதைத் தன் ஏரியா வானொலியில் கேட்க ஒருவருக்கு உரிமை வேண்டும். அந்த விதியை எடுக்கும்வரை நான் இதைப் பற்றி எழுதிக்கொண்டுதான் இருப்பேன்.