எலும்பு டாக்டர்களும் பட்டறைக்காரர்களும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

இந்த முறை வலி, மாத்திரை, ஸ்கேன் பற்றிய கேள்விகளைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டேன். எலும்பு சிகிச்சையில் பெயர் பெற்ற ஆட்களைப் பற்றிக் கேட்டவர்களுக்கு மட்டும் பதில். கேள்விகளைச் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி: அம்மாவுக்கு இடுப்பு மூட்டு மாற்றி ஒரு வருஷம் ஆகிறது. இப்போது கோவிலுக்கு நடந்தே போகிறார். இந்த ஆபரேஷனை முதலில் செய்தது யார்? (தஞ்சாவூர் வாசகி)

முதலில் முயன்றவர்கள் பலர். பெர்லினில் குளுக் என்பவர் 19-ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே யானைத் தந்தத்தில் மூட்டு செய்து பொருத்திப் பார்த்தார். பிறகு பிரான்சில் ஜூடே சகோதரர்கள் அக்ரிலிக்கில் பந்து செய்து வைத்தார்கள். இதெல்லாம் அதிக நாள் நிற்கவில்லை. நின்று காட்டியது இங்கிலாந்தின் லங்காஷயரைச் சேர்ந்த ஜான் சார்ன்லி செய்த மூட்டுதான்.

ஜூடே பந்து வைத்த ஒருவருக்கு, சாப்பாட்டு மேசையில் முன்னால் குனியும்போதெல்லாம் இடுப்பு கிரீச்சென்று கத்துமாம். அவர் மனைவி எழுந்து வேறு அறைக்குப் போய்விடுவாராம். மற்றவர்கள் இதைச் சிரித்துக் கடந்திருப்பார்கள். சார்ன்லிக்கு மட்டும் சத்தம் வந்தால் உராய்வு அதிகம் என்று பொறி தட்டியது. உராய்வு குறைவான பொருளைத் தேடி டெஃப்லானுக்கு வந்தார். 1958 வாக்கில் தொடங்கி ஏறக்குறைய 300 பேருக்கு, பந்து உட்கார்ந்து சுழல டெஃப்லான் கிண்ணம் வைத்தார். எல்லோரும் வலியில்லாமல் நடந்தார்கள். இரண்டு மூன்று வருஷத்தில் கிண்ணம் தேய்ந்து, உதிர்ந்த தூள் சுற்றியுள்ள எலும்பையும் சதையையும் பாழாக்கியது. இத்தனை பேரிடமும் தோற்றுப்போன மனிதர் என்ன செய்தார் என்பதுதான் எனக்கு அவரிடம் முக்கியம். நோயாளிகளைத் திரும்ப அழைத்து மறு ஆபரேஷன் செய்தார். டெஃப்லான் தூளைத் தன் தொடையிலேயே ஊசி போட்டுக்கொண்டு, அது கட்டியாக வீங்குவதைப் பார்த்துக் குறித்து வைத்தார்.

தீர்வு அவருடைய பட்டறையிலிருந்து வந்தது. ஆஸ்பத்திரி லேத்தில் வேலை பார்த்த ஹாரி கிரேவனிடம், நெசவுத் தறிக்கு பிளாஸ்டிக் பல்சக்கரம் விற்க ஒரு விற்பனையாளர் வந்தார். அவர் கொண்டுவந்த துண்டை சார்ன்லி நகத்தால் கீறிப் பார்த்துவிட்டு, நேரத்தை வீணாக்காதே என்று சொல்லிப் போய்விட்டார். அவர் கோபன்ஹேகனுக்குப் போயிருந்த நேரம் பார்த்து, கிரேவன் அதைத் தேய்மான இயந்திரத்தில் மாட்டி ஓட விட்டார். டெஃப்லான் ஒரே நாளில் தேய்ந்த அளவுகூட இது மூன்று வாரத்தில் தேயவில்லை. 1962 நவம்பரில் ரைட்டிங்டன் ஆஸ்பத்திரியில் அந்தப் பாலிஎத்திலீன் கிண்ணம் முதல் நோயாளிக்கு வைக்கப்பட்டது. உங்கள் அம்மா இடுப்பில் இருப்பது பெரும்பாலும் அதன் பேரன் பேத்திகளில் ஒன்று.

கண்ணாடி அறை போன்ற தடுப்புக்குள் வடிகட்டிய காற்றை ஓட விட்டு ஆபரேஷன் செய்யும் வழக்கத்துக்கும் சார்ன்லிதான் வலுவான தொடக்கம். சீழ் பிடிப்பது பல மடங்கு குறைந்தது. தன்னிடம் வந்து கற்காத சர்ஜனுக்குப் பல வருஷம் தன் மூட்டை விற்க விடவில்லை. இறந்த பிறகு மூட்டை ஆய்வுக்குத் திருப்பித் தரும்படி நோயாளிகளிடம் கேட்டார். பலரும் சரி என்றார்கள். 1977-இல் சர் பட்டம் கிடைத்தது.

கேள்வி: எங்கள் தாத்தா ஊரில் கட்டுப் போடுகிறவர். மூங்கில் பத்தை, முட்டை, துணி. ஆங்கில மருத்துவத்தில் இவர்களை இளக்காரமாகப் பேசுகிறார்களே? (விழுப்புரம் வாசகர்)

உங்கள் தாத்தாவுக்குப் பெருமையான செய்தி ஒன்று இருக்கிறது. நவீன எலும்பு மருத்துவத்தின் ஆங்கிலக் கிளை கட்டு வைத்தியர் வீட்டிலிருந்துதான் வளர்ந்தது. வேல்ஸின் ஆங்கிள்சி தீவில் தலைமுறை தலைமுறையாக எலும்பு கட்டிய குடும்பம். அதில் வந்த ஈவன் தாமஸ் லிவர்பூலில் தொழில் செய்தபோது, பட்டம் பெற்ற டாக்டர்கள் கொடுத்த தொல்லையில் வெறுத்துப்போய், ஐந்து பிள்ளைகளையும் மருத்துவம் படிக்க வைத்தார். அவர்களில் ஒருவர் ஹியூ ஓவன் தாமஸ் (1834–1891). வீட்டோடு ஒரு கொல்லரையும் சேணம் தைப்பவரையும் வேலைக்கு வைத்து, நோயாளியின் அளவுக்கு அங்கேயே இரும்புச் சட்டம் செய்து மாட்டினார். ஞாயிற்றுக்கிழமை ஏழைகளுக்கு இலவசம். தாமஸ் ஸ்பிளிண்ட் என்று எந்த அரசு ஆஸ்பத்திரி நர்ஸும் எடுத்துத் தருவது அவர் செய்ததுதான்.

அத்தை கணவரான அவரிடம் சிறுவயதிலேயே வந்து சேர்ந்த ராபர்ட் ஜோன்ஸ், மான்செஸ்டர் கப்பல் கால்வாய் வெட்டியபோது அந்த ஆயிரக்கணக்கான தொழிலாளர்களுக்கு வழி நெடுக முதலுதவி நிலையங்களும் ஆஸ்பத்திரிகளும் அமைத்தார். இன்றைய விபத்துப் பிரிவுக்கு அது ஒரு முன்னோடி. முதல் உலகப் போரில் தொடை உடைந்த சிப்பாய்கள் வழியிலேயே செத்துக்கொண்டிருந்தார்கள். மாமாவின் ஸ்பிளிண்டைக் களத்திலேயே மாட்டிவிட வேண்டும் என்று ஜோன்ஸ் பிடிவாதமாக நின்றார். சாவு வெகுவாகக் குறைந்தது.

அப்புறம், தாத்தாவிடம் ஒன்று சொல்லுங்கள். கட்டுப் போட்ட பிறகு விரல் நகத்தை அழுத்தி விடுங்கள். வெளுத்த நகம் இரண்டு நொடியில் சிவக்க வேண்டும். சிவக்காவிட்டாலும், விரல் நீலமானாலும், விரலை நீட்டிவிட்டால் தாங்க முடியாமல் வலித்தாலும் கட்டை உடனே பிரித்துவிட்டு ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும். எங்களுக்குக் கட்டு வைத்தியரோடு சண்டை இல்லை. இறுக்கிக் கட்டியதால் அழுகிப்போன கையை வெட்ட வேண்டி வரும்போதுதான் கோபம் வருகிறது.

கேள்வி: பைக் விபத்தில் தம்பியின் கால் எலும்பில் ஒரு துண்டே போய்விட்டது. வளையம் மாட்டி, தினமும் நட்டு திருகச் சொல்கிறார்கள். எலும்பு உண்மையிலேயே வளருமா? (கரூர் வாசகர்)

வளரும். காரணமானவர் கவ்ரீல் இலிசாரோவ் (1921–1992). அஸர்பைஜான் மலை கிராமத்தில் ஏழ்மையில் வளர்ந்து, 1944-இல் பட்டம் வாங்கியதும் சைபீரியாவின் குர்கான் பகுதியில் ஒரு கிராம ஆஸ்பத்திரிக்கு அனுப்பப்பட்டவர். போர் முடிந்த காலம். ஆறாத முறிவோடு வந்தவர்களுக்குக் குறைவில்லை, கருவிகளுக்குத்தான் பஞ்சம். மெல்லிய கம்பிகளை எலும்புக்குள் குறுக்கே செலுத்தி, வண்டிச் சக்கரத்து ஆரம்போல இழுத்து முறுக்கி, வெளியே இரும்பு வளையத்தில் பூட்டினார். முதலில் சைக்கிள் ஸ்போக்கைத்தான் பயன்படுத்தினார் என்பார்கள்.

உடைந்த முனைகளை ஒன்றோடொன்று அழுத்தத்தான் வளையம். ஒரு நோயாளி நட்டைத் தலைகீழாகத் திருகி முனைகளை விலக்கிவிட்டதாகவும், அந்த இடைவெளியில் புது எலும்பு முளைத்திருந்ததாகவும் கதை. அதை அவர் விடாமல் ஆராய்ந்து ஒரு கணக்குக்கு வந்தார்: எலும்பை வெட்டிச் சில நாள் சும்மா விட வேண்டும், பிறகு நாளுக்கு 1 மில்லிமீட்டர் விலக்க வேண்டும், அதையும் நான்கு தவணையாக. உங்கள் தம்பி காலை, மதியம், மாலை, இரவு என்று கால் மில்லிமீட்டராகத் திருகுவது இந்தக் கணக்குத்தான். சீக்கிரம் முடியட்டும் என்று வேகமாகத் திருகினால் எலும்பு பிடிக்காது. தாமதித்தால் முன்னதாகவே ஒட்டிக்கொள்ளும்.

மாஸ்கோவின் பெரிய டாக்டர்கள் பல வருஷம் அவரை மதிக்கவில்லை. 1964 டோக்கியோவில் உயரம் தாண்டித் தங்கம் வென்ற வலேரி புருமெல், அடுத்த வருஷமே மோட்டார் சைக்கிள் விபத்தில் காலை நொறுக்கிக்கொண்டார். பல ஆபரேஷன் தோற்றபின் 1968-இல் குர்கானுக்குப் போனார். கால் ஒட்டியது, மறுபடி 2 மீட்டருக்கு மேல் தாண்டினார். 1980-இல் இத்தாலிய மலையேறி கார்லோ மவ்ரியின் காலும் அங்கேயே சரியானபோதுதான் மேற்கு நாடுகள் திரும்பிப் பார்த்தன. கம்பி நுழையும் இடத்தைத் தினமும் சுத்தம் செய்யச் சொல்லியிருப்பார்கள். அதில் மட்டும் தம்பியைச் சோம்பல்பட விடாதீர்கள்.

கேள்வி: தொடையில் ராடு வைப்பது எப்போது வந்தது?

1939-இல். ஜெர்மனியின் கீல் நகரில் கெர்ஹார்ட் குன்ட்ஷர் எலும்பின் மஜ்ஜைக் குழிக்குள் ஸ்டீல் ஆணியை இறக்கினார். மூத்த சர்ஜன்கள், மஜ்ஜையைக் கெடுக்கிறான் என்று கத்தினார்கள். ஜெர்மனியில் சிறைப்பட்டு விடுதலையான நேச நாட்டு வீரர்கள் தொடைக்குள் நீளமான இரும்போடு ஊர் திரும்பியபோது, எக்ஸ்ரேயைப் பார்த்த டாக்டர்கள் மிரண்டுபோனார்கள். மாதக்கணக்கில் எடை கட்டித் தொங்கவிட்டுப் படுக்க வேண்டிய நோயாளி சில நாளில் எழுந்து நின்றது அந்த ராடால்தான்.

கேள்வி: பேத்திக்குப் பிறக்கும்போதே பாதம் உள்பக்கம் மடங்கியிருக்கிறது. வாராவாரம் மாவுக்கட்டு மாற்றுகிறார்கள். ஒரேயடியாக ஆபரேஷன் செய்தால் என்ன? (யாழ்ப்பாணம் வாசகர்)

அப்படித்தான் முன்பு செய்தார்கள். அறுத்து நேராக்கிய பாதம் பார்க்க அழகாயிருக்கும். முப்பது வயதில் விறைத்து வலிக்கும். இதைப் பொறுமையாகக் கவனித்தவர் இக்னாசியோ பொன்செட்டி. ஸ்பெயினின் மெனோர்கா தீவுக்காரர், கைக்கடிகாரம் பழுது பார்ப்பவரின் மகன். உள்நாட்டுப் போரில் தோற்ற தரப்பின் காயம்பட்டவர்களைக் கோவேறு கழுதையில் மலை தாண்டிக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டு, மெக்சிகோ வழியாக 1941-இல் அமெரிக்காவின் அயோவாவுக்கு வந்தார். குழந்தையின் தசைநார் இளகியது; பாதத்தை வாராவாரம் மெதுவாகத் திருப்பி மாவுக்கட்டில் நிறுத்தினால் ஐந்தாறு கட்டில் திரும்பிவிடும், குதிகால் தசைநாரில் மட்டும் சின்ன வெட்டு போதும் என்றார். 1960-களிலேயே முடிவுகளை எழுதியும் யாரும் சட்டை செய்யவில்லை. கத்தி பிடித்தவனுக்கு மாவுக்கட்டில் மவுசு ஏது? 1990-களின் பிற்பாதியில் பெற்றோர்கள் இன்டர்நெட்டில் ஒருவருக்கொருவர் சொல்லித்தான் அது உலகம் முழுக்கப் பரவியது. அப்போது அவருக்கு வயது எண்பதைத் தாண்டிவிட்டது. 2009-இல் 95 வயதில் இறக்கும்வரை ஆஸ்பத்திரிக்கு வந்துகொண்டிருந்தார்.

கட்டு முடிந்ததும் கம்பியில் இணைத்த ஷூ தருவார்கள். மூன்று மாதம் நாள் முழுக்க, பிறகு நான்கு வயதுவரை தூங்கும்போது. குழந்தை அழுகிறதென்று பாட்டிமார் இரக்கப்பட்டுக் கழற்றுவதுதான் பாதம் திரும்ப மடங்க முதல் காரணம். இதை உங்கள் வீட்டில் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: நம் ஊரோடு சம்பந்தப்பட்ட யாரையாவது உலகம் மதிக்கிறதா? (சேலம் வாசகர்)

உங்கள் பக்கத்திலேயே ஒருவர் பிறந்திருக்கிறார். பால் பிராண்ட், 1914-இல், கொல்லி மலையில், மிஷனரி பெற்றோருக்கு. ஒன்பது வயதில் இங்கிலாந்துக்குப் படிக்கப் போனவர் டாக்டராகும் முன் கட்டட வேலையும் தச்சு வேலையும் கற்றார். 1946-இல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்தார். தொழுநோயில் விரல் அழுகி விழுகிறது என்றுதான் அப்போது எல்லோரும் நம்பினார்கள். பிராண்ட், நரம்பு மரத்துப்போவதால் சூடு, வெட்டு, அழுத்தம் எதுவும் தெரியாமல் ஆட்களே தங்கள் கையை நாசமாக்கிக்கொள்கிறார்கள் என்று காட்டினார். ராத்திரி எலி கடித்து விரலைத் தின்பதுகூடத் தெரியாமல் தூங்கினார்கள். வீட்டுக்குப் போகிற நோயாளிக்கு ஒரு பூனையையும் கொடுத்தனுப்பினார்கள்.

மடங்கிய விரல்களை நிமிர்த்த, வேலை செய்யும் தசையின் நாரை எடுத்து வேறிடத்தில் பொருத்தினார். நிமிர்ந்த கையோடு போனவனுக்கு யாரும் வேலை தரவில்லை என்றதும் பட்டறை தொடங்கித் தச்சு கற்றுக்கொடுத்தார். மரத்த பாதத்துக்கு மெத்தென்ற ரப்பர் செருப்பு செய்ய முனைந்தார். இன்று சர்க்கரைநோய்ப் புண்ணுக்குத் தரும் செருப்பு அந்த வழி வந்தது. அவரோடு வேலை பார்த்த மேரி வர்கீஸ் 1954-இல் விபத்தில் இடுப்புக்குக் கீழே உணர்விழந்தார். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடி தொழுநோயாளிகளின் கைகளுக்கு ஆபரேஷன் செய்து, பிறகு வேலூரில் மறுவாழ்வு மருத்துவத் துறையைத் தொடங்கினார்.

இன்றைய ஆளென்றால் கோவை கங்கா ஆஸ்பத்திரியின் எஸ். ராஜசேகரன். காசநோயால் முதுகெலும்பு நொறுங்கிய குழந்தைகளை 15 வருஷம் தொடர்ந்து கவனித்து, எந்தக் குழந்தைக்குக் கூன் முற்றும் என்று எக்ஸ்ரேயில் முன்கூட்டியே சொல்லும் அடையாளங்களைக் கண்டார். சதை கிழிந்து எலும்பு வெளியே தெரியும் கால் காயத்துக்குத் தோல், எலும்பு, தசை என்று தனித்தனியே மதிப்பெண் போடும் கங்கா ஸ்கோர் 2006-இல் வந்தது. 14-க்குள் இருந்தால் காலைக் காப்பாற்ற முனையலாம், 17-ஓ அதற்கு மேலோ போனால் எடுப்பதே நல்லது, நடுவில் அனுபவஸ்தர் முடிவு. அந்த முடிவில் பிளாஸ்டிக் சர்ஜனான சகோதரர் ராஜா சபாபதியும் பக்கத்தில் நிற்பது பெரிய வசதி.

கேள்வி: ஜெய்ப்பூர் காலைக் கண்டுபிடித்தது யார்?

விருது வாங்கியவர் டாக்டர் பி.கே. சேத்தி; 1981-இல் மகசேசே. கால் செய்தது ராம் சந்திர சர்மா, அதிகம் படிக்காத கைவினைஞர். மேல்நாட்டுச் செயற்கைக் காலுக்கு ஷூ வேண்டும். சம்மணம் போட, குந்த, வெறுங்காலோடு வயலில் இறங்க முடியாது. 1960-களின் கடைசியில் சர்மா லாரி டயரைச் சூடாக்கி ஒட்டும் ரப்பரில் பாதம் வார்த்தார். எங்கே வளைய வேண்டும், எங்கே வளையக் கூடாது என்று சேத்தி சொன்னார். திருச்சி பக்கம் 1981-இல் நடந்த பஸ் விபத்தில் காலை இழந்த சுதா சந்திரன் இந்தக் காலோடுதான் மறுபடி மேடையில் ஆடினார். இருவர் பெயரையும் சேர்த்தே சொல்ல வேண்டும் என்பது என் கட்சி.

கேள்வி: பிளஸ் டூ படிக்கிறேன். எலும்பு சர்ஜனாக ஆசை. உடம்பில் பலம் வேண்டும், பெண்ணுக்குச் சரிப்படாது என்கிறார்கள். (திருநெல்வேலி வாசகி)

இதையே அமெரிக்காவில் ரூத் ஜாக்சனிடமும் சொன்னார்கள். 1937-இல் தேர்வெழுதி, அங்கே எலும்பு மருத்துவத்தில் சான்று பெற்ற முதல் பெண்ணானார். பிறகு கழுத்து வலி பற்றி அவர் எழுதியதை ஆண்களும்தான் படித்தார்கள். மூட்டை இழுத்துப் பொருத்துவதில் பலத்தைவிட நெம்பும் கோணம்தான் முக்கியம். இப்போது பவர் டிரில், பவர் ரம்பம், இழுக்கும் மேசை எல்லாம் உண்டு. எம்.பி.பி.எஸ். முடித்து, முதுநிலை நுழைவுத் தேர்வெழுதி, மூன்று வருஷம் எம்.எஸ். ஆர்த்தோ. நடுவில் விடுமுறை கிடைத்தால் ஒரு தச்சுப் பட்டறையிலோ லேத்திலோ போய் நின்று பார். வீட்டில் திட்டினால் நான் சொன்னேன் என்று சொல்.