காற்றும் இரும்பும் பாக்டீரியாவும்: கேள்வி பதில்

பினாங்கில் நுண்ணுயிரியல் ஆய்வுக்கூடத்தில் நீண்ட காலம் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். ஆக்சிஜன் இருப்பதும் இல்லாததும் பாக்டீரியாவின் இரும்புக் கணக்கை எப்படி மாற்றுகின்றன என்பது பற்றிக் கேள்விகள் அனுப்பும்படி கடந்த வாரம் கேட்டிருந்தேன். வந்தவற்றுள் ஒரே பொருளைக் கேட்டவற்றைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி (படிவம் ஆறு மாணவி, பட்டர்வொர்த்): ஐயா, நம் நாட்டு மண் செம்மண், அதில் இரும்பு நிறைய உண்டு என்று படித்தோம். அப்படியிருக்க, பாக்டீரியாவுக்கு இரும்பு கிடைப்பது கடினம் என்று ஏன் சொல்கிறார்கள்?

பதில்: மண்ணின் அந்தச் சிவப்பிலேயே விடை இருக்கிறது. இரண்டு எலக்ட்ரான்களை இழந்த இரும்பு ஃபெரஸ். மூன்றை இழந்தது ஃபெரிக். ஃபெரஸ் நீரில் எளிதில் கரையும். ஆனால் நடுநிலையான நீரில் ஆக்சிஜன் பட்டால் சில நிமிடங்களிலேயே அது ஃபெரிக்காக மாறத் தொடங்கி, துருவாகப் படிந்துவிடும். செம்மண்ணின் நிறம் அத்தகைய துருவின் நிறமே.

நடுநிலை நீரில் தனித்திருக்கக்கூடிய ஃபெரிக் அயனியின் செறிவு லிட்டருக்குச் சுமார் 10⁻¹⁸ மோல். எண்ணிக்கையாகப் பார்த்தால் ஒரு லிட்டரில் ஏறத்தாழ 6 லட்சம் அயனிகள். குடலில் வாழும் ஈ. கோலை என்னும் பாக்டீரியாவின் ஒரு செல்லில் 1 லட்சம் முதல் 10 லட்சம் வரை இரும்பு அணுக்கள் இருக்கின்றன. அப்படியானால் ஒரு லிட்டர் நீரில் தனித்திருக்கும் ஃபெரிக் முழுவதும் ஒரே ஒரு செல்லுக்குப் போதுமா என்பதே ஐயம். ஆக்சிஜன் இல்லாத நீரிலோ ஃபெரஸ் இதைவிடப் பல கோடி கோடி மடங்கு கரைந்திருக்க முடியும். சுமார் 240 கோடி ஆண்டுகளுக்கு முன் வளிமண்டலத்தில் ஆக்சிஜன் சேரத் தொடங்கியது. கரைந்த இரும்பு தாராளமாகக் கிடைத்த காலத்தில் அதைக் கொண்டு தம் நொதிகளை அமைத்துக்கொண்டிருந்த உயிர்கள், அதன் பிறகு அதே இரும்பைத் தேடி அலைய வேண்டியதாயிற்று. ஆகவே ஓரிடத்தில் எவ்வளவு இரும்பு இருக்கிறது என்று கேட்பதற்கு முன், அங்கே காற்று இருக்கிறதா என்று கேளுங்கள்.

கேள்வி (உயிரியல் ஆசிரியர், கோலாலம்பூர்): கண்ணும் மூக்கும் இல்லாத ஒரு செல், வெளியே ஆக்சிஜன் இருக்கிறதா, உள்ளே இரும்பு போதுமா என்பதை எவ்வாறு அறிகிறது?

பதில்: எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது, சற்று விரிவாகவே சொல்கிறேன். ஈ. கோலையில் இரும்பின் அளவை அறிவது ஃபர் என்னும் புரதம். செல்லுக்குள் ஃபெரஸ் போதிய அளவு இருந்தால் அது ஃபருடன் சேரும். ஃபர் டிஎன்ஏவின் குறிப்பிட்ட இடங்களில் அமர்ந்து, இரும்பை உள்ளே இழுக்கும் மரபணுக்களை அடக்கி வைக்கும். இரும்பு குறைந்தால் ஃபர் விலகும். அந்த மரபணுக்கள் விழித்துக்கொள்ளும். விழிப்பவற்றுள் ஒரு சிறிய ஆர்என்ஏவும் உண்டு. எரிக் மாசே, சூசன் கோட்டஸ்மன் இருவரும் 2002-இல் அதன் வேலையை விளக்கினார்கள். உடனடித் தேவையில்லாத இரும்புப் புரதங்களுக்கான செய்தி ஆர்என்ஏக்களை, அதாவது புரதம் செய்யும் கட்டளையைச் சுமக்கும் நகல்களை, அது அழியச் செய்கிறது. பஞ்ச காலத்தில் வருவாயைத் தேடும் குடும்பம் செலவையும் சுருக்கிக்கொள்வதைப் போன்ற ஏற்பாடு இது.

ஆக்சிஜனை அறிவது எஃப்என்ஆர் என்னும் வேறொரு புரதம். நான்கு இரும்பு அணுக்களும் நான்கு கந்தக அணுக்களும் சேர்ந்த ஒரு கொத்து அதனுள் இருக்கிறது. காற்றில்லாத நிலையில் இந்தக் கொத்து சிதையாமல் இருக்கும்; இரண்டு எஃப்என்ஆர் மூலக்கூறுகள் இணைந்து டிஎன்ஏவைப் பற்றிக்கொள்ளும். ஆக்சிஜன் வந்ததும் கொத்து இரண்டு இரும்பும் இரண்டு கந்தகமுமாகச் சிதையும், இணை பிரியும், பிடி நழுவும். ஆக்சிஜனை அறியும் கருவியே இரும்பால் ஆனது என்பதைக் கவனியுங்கள். ஃபெரஸை நேரடியாக உள்ளே கொண்டுவரும் ஃபியோ என்னும் வாயிலின் மரபணுக்களை எஃப்என்ஆர் தூண்டுகிறது, இரும்பு நிறைந்த ஃபர் அடக்குகிறது. காற்றில்லை, இரும்பும் போதவில்லை என்ற இரண்டு செய்திகளும் ஒன்றாக வரும்போதுதான் அந்த வாயில் முழுமையாகத் திறக்கிறது.

காற்றுள்ள இடத்தில் வழி வேறு. என்டரோபாக்டின் போன்ற சிடரோஃபோர்களை, அதாவது இரும்பைக் கவர்ந்துவரும் சிறு மூலக்கூறுகளை, செல் வெளியே அனுப்பி ஃபெரிக்கைப் பிடித்து வரச் செய்கிறது. அவற்றை உருவாக்கவும் அனுப்பவும் திரும்ப உள்ளே இழுக்கவும் ஆகும் செலவு பெரிது. அதனால்தான் தேவையற்றபோது ஃபர் அவற்றை அவ்வளவு இறுக்கமாக அடக்குகிறது.

கேள்வி (அதே ஆசிரியர்): அவ்வளவு அரிய பொருளைக் கிடைத்தபோது நிறையச் சேர்த்து வைத்துக்கொண்டால் என்ன?

பதில்: ஆக்சிஜன் உள்ள செல்லில் ஹைட்ரஜன் பெராக்சைடு உருவாகிக்கொண்டே இருக்கும். கட்டுறாத, அதாவது எதனுடனும் பிணையாத, ஃபெரஸ் அதனுடன் வினைபுரிந்தால் டிஎன்ஏவையே வெட்டக்கூடிய ஹைட்ராக்சில் தனியுறுப்பு (ரேடிக்கல்) பிறக்கும். இந்த வினைக்கு அடிப்படையானதை ஹென்றி ஃபென்டன் 1894-இலேயே வெளியிட்டார். எனவே செல் இரும்பைச் சேர்த்து வைக்கிறது, ஆனால் ஃபெரிட்டின் போன்ற புரதக் கூடுகளுக்குள் பூட்டித்தான் வைக்கிறது. பெராக்சைடு மிகும்போது ஆக்ஸிஆர் என்னும் புரதம் விழித்து, ஃபர் உற்பத்தியைக் கூட்டி, இரும்பு மேலும் உள்ளே வராமல் பார்த்துக்கொள்கிறது.

கேள்வி (ஆய்வுக்கூடப் பயிற்சி மாணவர், பாயான் லெபாஸ்): நீலநிறச் சிஏஎஸ் தட்டில் ஈ. கோலை வளர்த்தேன். திறந்த தட்டில் ஆரஞ்சு வளையம் வந்தது. காற்றில்லா ஜாடியில் வைத்த தட்டில் ஏறத்தாழ எதுவுமே இல்லை. என் சோதனை தவறா?

பதில்: தவறு என்று முடிவு செய்ய வேண்டாம். 1987-இல் ஷ்வின், நீலண்ட்ஸ் இருவரும் வெளியிட்ட அந்தத் தட்டில், சாயத்திடமிருந்து இரும்பைச் சிடரோஃபோர் பறிக்கும்போதுதான் ஆரஞ்சு தோன்றும். காற்றில்லாத நிலையில் ஃபெரஸ் வழி திறந்திருப்பதாலும், செல்லுக்குள் கட்டுறாத ஃபெரஸ் மிகுந்து ஃபர் வலுவாக அடக்குவதாலும், சிடரோஃபோர் குறைவது இயல்பே. ஆயினும் ஜாடியில் காலனியே சிறியதாக இருந்திருந்தால், வளையம் சிறுத்ததற்கு அதுவும் காரணமாகலாம். வளர்ப்பு ஊடகத்தில் நைட்ரேட் சேர்த்தால் ஈ. கோலை அதைக் கொண்டு சுவாசித்து நன்கு வளரும். இரண்டு தட்டுகளிலும் வளர்ச்சியைச் சமமாக்கிவிட்டு ஒப்பிடுங்கள். ஜாடிக்குள் சாயத்தின் நிறம் தானாக மாறுகிறதா என்பதை அறிய, பாக்டீரியா இடாத தட்டு ஒன்றையும் கட்டாயம் உடன் வையுங்கள்.

கேள்வி (நெல் விவசாயி, செபராங் பிறை): வயலில் நீர் கட்டிய சில நாட்களில் எண்ணெய் போல ஒரு படலம் மிதக்கிறது. பிடுங்கிப் பார்த்தால் நாற்றின் வேர் துருநிறமாக இருக்கிறது. டீசல் கலந்திருக்குமோ?

பதில்: ஒரு குச்சியால் படலத்தைத் தொட்டுப் பாருங்கள். கண்ணாடிச் சில்லு போல உடைந்து விலகினால் அது இரும்புப் படலம். மீண்டும் ஒன்றாகக் கூடினால் எண்ணெய் என்று ஐயப்படலாம். நீர் கட்டிய மண்ணில் ஆக்சிஜன் விரைவில் தீர்ந்துவிடும். அப்போது ஜியோபாக்டர் போன்ற பாக்டீரியாக்கள் ஆக்சிஜனுக்குப் பதிலாகத் துருவைக் கொண்டே சுவாசிக்கின்றன. ஃபெரிக் ஃபெரஸாகிக் கரைகிறது. அது மேலே வந்து காற்றைத் தொடும் இடத்தில் மீண்டும் துருவாகிப் படலமாகிறது. நெல் தன் தண்டின் காற்றறைகள் வழியாக வேருக்கு ஆக்சிஜன் அனுப்புவதால் வேரைச் சுற்றியும் இதுவே நடக்கிறது. வேரின் துருப்பூச்சு பயிருக்கு ஓரளவு காவலாகவே இருக்கிறது. கீழ் இலைகளில் பழுப்புப் புள்ளிகள் பரவினால்தான் ஃபெரஸ் மிகையாகிவிட்டதோ என்று ஐயப்பட்டு, நீரைச் சில நாட்கள் வடிய விட்டுப் பார்ப்பது வழக்கம்.

கேள்வி (ஒரு தாய், கோலாலம்பூர்): என் மகனுக்குத் தலசீமியா என்னும் பரம்பரை இரத்தச்சோகை. உடலில் மிகுந்த இரும்பை அகற்ற டெஸ்ஃபெரால் ஊசி போடுகிறோம். அந்த மருந்தே பாக்டீரியாவிலிருந்து வந்தது என்கிறார்கள், உண்மையா?

பதில்: உண்மைதான், அம்மா. அது ஸ்ட்ரெப்டோமைசிஸ் பிலோசஸ் என்னும் மண் பாக்டீரியாவின் சிடரோஃபோரிலிருந்து வந்த மருந்து. உங்கள் மகனின் உடலில் மிகுந்த இரும்பை அது பற்றிக்கொண்டு வெளியேற்றுகிறது. ஆனால் யெர்சினியா என்னும் குடல் பாக்டீரியா போன்ற சிலவற்றுக்கு, அந்த மருந்து பற்றிய இரும்பை உள்ளே இழுத்துக்கொள்ளும் ஏற்பி இருக்கிறது. இதை நினைத்து அஞ்சி ஊசியை நிறுத்திவிடாதீர்கள். ஆனால் காய்ச்சலும் வயிற்றுவலியும் சேர்ந்து வந்தால் அன்றே மருத்துவமனைக்குச் சென்று, இந்த மருந்து எடுப்பதைச் சொல்லுங்கள். அத்தகைய வேளையில் தொற்று இல்லை என்று உறுதியாகும் வரை மருத்துவர்கள் அதை நிறுத்தி வைப்பதுண்டு.

கேள்வி (பெயர் குறிப்பிடாதவர்): இரும்பே வேண்டாத பாக்டீரியா உண்டா?

பதில்: உண்டு. உண்ணிக் கடியால் பரவும் லைம் நோயை உண்டாக்கும் பொரெலியா, இரும்புக்குப் பதில் மாங்கனீசைக் கொண்டு வாழ்கிறது.

கேள்வி (மருத்துவ மாணவி, கோலாலம்பூர்): குடலிலும் இரத்தத்திலும் ஒரே ஈ. கோலைதான் வாழ்கிறது. இரண்டு இடங்களிலும் இரும்பை ஒரே வழியில்தான் பெறுகிறதா?

பதில்: இல்லை. குடலின் உட்பகுதியில் ஆக்சிஜன் மிகக் குறைவு. அங்கே ஃபெரஸ் வழி உதவுகிறது. ஃபியோ மரபணு பழுதான ஈ. கோலை எலிகளின் குடலில் நன்றாகக் குடியேற முடியாமல் போனதை ஆய்வுகள் காட்டின. இரத்தத்தில் ஆக்சிஜன் உண்டு. இரும்பு ஃபெரிக்காக டிரான்ஸ்ஃபெரின் புரதத்தின் பிடியில் இருக்கிறது. அங்கே சிடரோஃபோர் இன்றி வளர்வது கடினம். நம் உடலோ என்டரோபாக்டினையே பிடித்து முடக்கும் லிப்போகாலின் 2 என்னும் புரதத்தைச் சுரக்கிறது. சில பாக்டீரியாக்கள் அதற்கும் மாற்றாக, என்டரோபாக்டினில் சர்க்கரை மூலக்கூறுகளை ஒட்டி அந்தப் பிடியிலிருந்து தப்பிக்கின்றன. 2019-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற செஃபிடரோகால் என்னும் பாக்டீரியா கொல்லி மருந்து, சிடரோஃபோர் போல ஃபெரிக்கைப் பற்றிக்கொண்டு, பாக்டீரியா சிடரோஃபோருக்காகத் திறந்து வைத்த வாயில் வழியாகவே உள்ளே நுழைகிறது. இரும்பு தாராளமாக உள்ள குழம்பில், அதாவது பாக்டீரியா வளர்க்கும் திரவ ஊடகத்தில், சோதித்தால் பாக்டீரியா அந்த வாயில்களைக் குறைத்துவிடும். மருந்தின் உண்மையான வலு தெரியாது. அதனால் இந்த மருந்துக்கு மட்டும் இரும்பு அகற்றிய குழம்பில்தான் சோதனை செய்ய வேண்டும். ஆய்வுக்கூடத்துக்கு மாதிரி அனுப்பும்போது எந்தக் குழம்பில் சோதிக்கிறார்கள் என்று கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.