வாசகர் கேள்வி – பதில்: தற்காப்புக்கலையும் உடலுரமும்

கேள்வி: வயது 17. கராத்தே தொடங்கி மூன்று மாதம். தினமும் விடிய ஏ-9 வீதியில் வெறுங்காலோடு 5 கிலோமீற்றர் ஓடுகிறேன். இப்போது இரண்டு கால்களிலும் முழங்காலுக்குக் கீழே முன்பக்க எலும்பு நோகிறது. எலும்பு இறுகட்டும் என்று சோடாப் போத்தலால் உருட்டுகிறேன். பின்னேரத்தில் முதிரைக் கட்டையில் குத்திப் பழகுகிறேன். சரியா?
– வாசகர், பரந்தன்

பதில்: மூன்றையும் இன்றே நிறுத்துங்கள். வகுப்புக்குப் போகலாம், ஆனால் குதிப்பு வேண்டாம்.

மூச்சும் இதயமும் ஆறேழு கிழமையில் பழகிவிடும். எலும்பும் தசைநாணும் மாதக்கணக்கில்தான் தேறும். புதிய பாரம் விழுந்தால் எலும்பு முதலில் பழைய பகுதியைக் கரைத்துவிட்டுத்தான் புதிதாகக் கட்டத் தொடங்கும். அதனால் முதல் ஒன்றிரண்டு மாதம் அது முன்னைவிடக் கொஞ்சம் பலவீனமாகவே இருக்கும். மூச்சு இடங்கொடுக்கிறது என்று தார் ரோட்டில் தினமும் ஓடுகிறவர்கள் பெரும்பாலும் அங்கேதான் அகப்படுகிறார்கள்.

எலும்பின் உள்விளிம்பைப் பெருவிரலால் மேலிருந்து கீழாக அழுத்திப் பாருங்கள். ஒரு சாண் நீளத்துக்குப் பரவலாக நொந்து, உடம்பு சூடானதும் குறைந்தால் அது எலும்பைச் சுற்றியுள்ள சவ்வின் நோவு. இரண்டு மூன்று கிழமை ஓட்டத்தை விட்டு சைக்கிள் ஓடினால் அடங்கும். ஒரே புள்ளியில் சுள்ளென்று நொந்தாலோ, இரவில் படுத்திருக்கும்போதும் நொந்தாலோ, ஒற்றைக்காலில் குதிக்க முடியாவிட்டாலோ மயிர்வெடிப்பு என்று சந்தேகியுங்கள். முதல் இரண்டு மூன்று கிழமையில் எக்ஸ்ரேயில் அது தெரியாமலும் போகலாம். ஆகவே "படத்தில் ஒன்றுமில்லை" என்று சொன்னாலும் நோவு இருந்தால் ஓடவேண்டாம். ஆற ஆறு முதல் எட்டுக் கிழமை எடுக்கும்.

நோவு முற்றாக நின்ற பிறகு வாய்க்கால் கட்டிலோ புல் மைதானத்திலோ சப்பாத்துப் போட்டு, 1 நிமிட ஓட்டம், 1 நிமிட நடை என்று 10 தடவை. கிழமையில் மூன்று நாள், ஒருநாள் விட்டு ஒருநாள். அடுத்தடுத்த கிழமைகளில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் கூட்ட வேண்டாம். அத்தோடு படிக்கட்டின் விளிம்பில் முன்பாதத்தால் நின்று குதியை ஏற்றி இறக்குங்கள். முழங்காலை நேராக வைத்து 15, சற்று மடித்து 15, இப்படி மூன்று சுற்று. கெண்டைக்கால் தசை பலப்பட்டால் எலும்பில் விழும் அடி குறையும். உங்கள் வயதில் போட்டிச் சுற்று 2 நிமிடம்தான், அதற்கு 5 கிலோமீற்றர் ஓட்டம் பெரிதாக உதவாது. 20 விநாடி முழு வேகத்தில் குத்தும் உதையும், 40 விநாடி மெதுவான கால் நகர்வு என்று 6 தடவை, கிழமையில் இரண்டு நாள் செய்யுங்கள். கால் ஆறும்வரை இதைக் கைக்குத்தோடு மட்டும் செய்யலாம்.

போத்தல் உருட்டுவதால் எலும்பு இறுகாது, அதன்மேல் சவ்வு நசுங்கி வீங்கும். முன்னங்கால் பழகுவது பையில் உதைத்துத்தான். வெற்று உரப்பை ஒன்றுக்குள் பொலித்தீன் பையைப் போட்டு, பழந்துணியும் உமியும் மாறி மாறி அடைத்துக் கட்டித் தூக்குங்கள். உமி ஈரமானால் கட்டிபட்டுப் பூஞ்சணம் பிடிக்கும், பொலித்தீன் அதற்குத்தான். பாரம் வேண்டுமென்று மண் போடாதீர்கள். அடிக்க அடிக்க மண் கீழே இறங்கி, ஒரு மாதத்தில் பையின் அடிப்பாகம் கல்லாகிவிடும். நீங்கள் உதைப்பதும் அந்த உயரத்தில்தான்.

முதிரைக் கட்டை மகிவாரா (கராத்தேயில் குத்திப் பழகும் பலகை) ஆகாது. மகிவாராப் பலகை அடியில் தடித்து, நுனியில் ஒன்றரை இரண்டு சென்ரிமீற்றராக மெலிந்து, குத்தும்போது பின்னால் வளைந்து கொடுக்க வேண்டும். வளையாத மரத்தில் குத்தினால் அடி முழுவதும் மணிக்கட்டுக்கே திரும்பும். சுட்டுவிரல், நடுவிரல் மொழிகள் மட்டுமே படவேண்டும். சின்னவிரல் பக்கம் பட்டால் அதன் பின்னால் உள்ள கையெலும்பு முறியும், முட்டிக் குத்துக்காரருக்கு அதிகம் முறிவது அதுதான். வளர்ச்சி முடியாத வயதில் இதெல்லாம் தேவையேயில்லை. பாயில் முட்டித் தண்டால் 10 போதும்.

கேள்வி: பயிற்சி நடுவில் தண்ணீர் குடித்தால் மனவுறுதி கெடும், வயிறு குத்தும் என்கிறார் மாஸ்டர். நாரிப்பிடிப்புக்கு வகுப்புக்கு முன் வலிக்குளிசை ஒன்று போடுகிறேன்.
– நெடுங்கேணி

பதில்: வயிறு குத்துவது ஒரேயடியாக அரைப் போத்தல் குடிப்பதால். 15–20 நிமிடத்துக்கு ஒருமுறை நாலைந்து மிடறு குடித்தால் குத்தாது. தாகத்தை அடக்கப் பழகியதால் யாருக்கும் உடம்பு தண்ணீரில்லாமல் ஓடப் பழகியதில்லை. பழகுவது வெயிலுக்கு மட்டும், அதற்கும் 10–14 நாள் வேண்டும். சித்திரையில் புதிதாகச் சேருகிறவர்கள் முதல் கிழமை பாதி நேரம் செய்தால் போதும். ஒரு மணித்தியாலத்துக்கு மேல் போனால் ஜீவனிக் கரைசல், இல்லாவிட்டால் 1 லீற்றர் கொதித்தாறிய நீருக்கு 6 தேக்கரண்டி சீனி, அரைத் தேக்கரண்டி உப்பு, எல்லாம் தலை தட்டி.

குளிசைதான் பெரிய பிரச்சினை. டைக்ளோபெனாக், ஐபுபுறோபென் போன்றவை சிறுநீரகத்துக்குப் போகும் இரத்தத்தைக் குறைக்கும். உடம்பில் நீர் வற்றியிருக்கும்போது அதைப் போடுவது சிறுநீரகத்தை இரண்டு பக்கத்தாலும் நெருக்குவது. சிறுநீரக நோயாளர் ஏற்கெனவே அதிகமுள்ள வவுனியாப் பக்கத்தில் இதை விளையாட்டாக எடுக்கக்கூடாது. குளிசை போட்டால்தான் பயிற்சி செய்யலாம் என்றால் அன்று பயிற்சி இல்லை.

யாராவது வெயிலில் பேச்சுக் குழறி, தள்ளாடி, சம்பந்தமில்லாமல் பதில் சொன்னால் வேர்த்துக்கொண்டிருந்தாலும் அது வெப்ப அதிர்ச்சி. நிழலுக்குத் தூக்கிக் கிணற்றுத் தண்ணீரை வாளி வாளியாக ஊற்றி, விசிறிக்கொண்டே 1990 அம்புலன்ஸை அழையுங்கள். குளிர்விப்பது முதலில், ஏற்றுவது பிறகு.

கேள்வி: மகளுக்கு 13 வயது. கட்டா (எதிராளியின்றித் தனியே செய்யும் அசைவு வரிசை) நன்றாகச் செய்கிறாள். சண்டைப் பயிற்சியில் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு அப்படியே நின்றுவிடுகிறாள். மனம் திடப்பட வேண்டும் என்று மாஸ்டர் 200 தோப்புக்கரணம் போடவைத்தார். இரண்டு நாள் படியிறங்க முடியவில்லை.
– ஒரு தாய், புதுக்குடியிருப்பு

பதில்: முதலில் அந்த 200. பழக்கமில்லாத உடம்பு இவ்வளவு செய்தால் தசை சிதைந்து இரத்தத்தில் கலக்கும். சிறுநீர் தேயிலைச் சாயம்போலப் போனால் அன்றே ஆஸ்பத்திரி. மாஸ்டரிடம் இதைத் தயங்காமல் சொல்லுங்கள். களைப்பால் பிள்ளை கற்றது களைப்பை மட்டுந்தான். அடி வரும்போது என்ன செய்வது என்று இன்னும் தெரியாது.

அடி வருகிறது என்று தெரிந்ததும் மூச்சு நிற்கிறது, கண் மூடுகிறது, கால் இறுகுகிறது. இந்த மூன்றையும் ஒவ்வொன்றாகப் பிரித்துப் பழக்கலாம். முதல் படி, தோள் தொடும் விளையாட்டு: அடியில்லை, ஒரு நிமிடம் ஒருவர் தோளை மற்றவர் தொட முயல்வது. இரண்டாவது, இன்ன அடி வருகிறது என்று சொல்லிவிட்டு, மெதுவாக, நெஞ்சுக்கு நேரே ஒரே குத்து, பத்துத் தடவை. அவள் தடுக்கவேண்டாம். "ஸ்ஸ்" என்று மூச்சை விட்டபடி ஓரடி பின்வாங்கினால் போதும். மூன்றாவது, அதே குத்து வேகமாக. நான்காவது, இரண்டு விதமான அடி, எது என்று சொல்லாமல். அதற்குப் பிறகுதான் 30 விநாடிச் சண்டை, அவளளவு நிறையுள்ள பிள்ளையோடு, கையுறையும் பல்லுறையும் போட்டு. பத்தில் எட்டுத் தடவை கண் மூடாவிட்டால் அடுத்த படிக்குப் போகலாம். அதற்குமுன் ஏற்றினால் பழையபடி நிற்பாள். ஒரு படியில் மூன்று கிழமை நின்றாலும் பரவாயில்லை.

பாய்க்கு ஏறுமுன் ஐந்து மூச்சு: 4 எண்ண உள்ளே, 6 எண்ண வெளியே. வெளியே விடுவது நீளமாக இருந்தால் நெஞ்சுப் படபடப்பு இறங்கும். "பயப்படாதை" என்று வெளியிலிருந்து கத்துவதில் பலனில்லை, அந்தச் சொல்லில் அவளுக்குக் கேட்பது பயம்தான். "கண், மூச்சு, கால்" என்று அவளே மனதுக்குள் சொல்லட்டும். வீட்டுக்கு வந்தால் "வென்றியா?" என்று கேட்காமல் "இண்டைக்கு எது நல்லா வந்தது?" என்று கேளுங்கள்.

வகுப்பில் யாராவது ஒருவரைக் கண்டுதான் உறைகிறாளா என்று தனியாகக் கேட்டுப் பாருங்கள். அப்படியானால் வகுப்பை நிறுத்திவிட்டு 1929 சிறுவர் உதவி இலக்கத்துக்கு எடுங்கள். வெடிச்சத்தத்துக்குத் திடுக்கிடுவது, தூக்கமின்மை, பாடசாலைக்குப் போக மறுப்பது ஆகியவை சேர்ந்திருந்தால் அது பயிற்சியால் தீர்வதல்ல. மாவட்ட ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவுக்குப் போகலாம், 1926 மனநல உதவி இலக்கத்திலும் பேசலாம்.

கேள்வி: தொடைக்குள் செல் பீஸ் (எறிகணைத் துண்டு) ஒன்று கனகாலமாக இருக்கிறது. உதை பழகலாமா?
– மல்லாவி

பதில்: தசைக்குள் ஆழமாக, மூட்டுக்கும் பெரிய இரத்தக்குழாய்க்கும் நரம்புக்கும் தூரமாக இருந்தால் பெரும்பாலும் பழகலாம். எங்கே இருக்கிறது என்பதை எக்ஸ்ரேயோடு சத்திரசிகிச்சை நிபுணரிடம் கேட்டபின் தொடங்குங்கள். மரத்துப்போதல், புதிதாக வீக்கம், சிவப்பு, சீழ் கண்டால் நிறுத்துங்கள். அந்தத் தொடையில் எதிராளியின் உதை வாங்கும் பயிற்சி மட்டும் வேண்டாம். எம்.ஆர்.ஐ எடுக்கச் சொன்னால் உலோகம் இருப்பதை முதலிலேயே சொல்லுங்கள்.

கேள்வி: புரதப் பவுடர் வாங்க வசதியில்லை. நிறை 60 கிலோ.
– மாங்குளம்

பதில்: வாங்காதீர்கள். உங்களுக்கு நாளுக்கு 85–95 கிராம் புரதம் போதும். 400 கிராம் அரிசியைச் சமைத்த சோற்றில் 28, முட்டை இரண்டில் 12, கௌபி 50 கிராமில் 12, பருப்பு 50 கிராமில் 12, கச்சான் 40 கிராமில் 10, நெத்தலிக் கருவாடு 25 கிராமில் 15 அளவில் கிடைக்கும். கருவாட்டை ஊறவைத்து உப்பைக் கழுவிவிடுங்கள். கௌபியைப் பயிற்சி முடிந்து அவித்துச் சாப்பிடுங்கள், முன்னால் சாப்பிட்டால் வயிறு ஊதும்.

கேள்வி: மாரி வந்தால் மைதானம் சேறு. மூன்று மாதம் சிலம்பம் விடுபட்டுப் போகிறது.
– ஒட்டுசுட்டான்

பதில்: விறாந்தையில் முழு நீளத் தடி சுழற்ற முடியாது. 3 அடித் தடி எடுங்கள். மணிக்கட்டுச் சுழற்சி ஒவ்வொரு கையாலும் 2 நிமிடம், கால்வரிசை தடியில்லாமல் 10 நிமிடம், சுவரில் முதுகு சாய்த்து நாற்காலி இருப்பு 40 விநாடி வீதம் 4. தோளும் தொடையும் தளராமலிருக்க இது போதும். மழை விட்ட நாளில் வெளியே போனால் தெரிந்த பாதையில் மட்டும் ஓடுங்கள். மிதிவெடிப் பலகை உள்ள பக்கம், பற்றைக் குறுக்குவழி, யானை இறங்கும் விடியற்புறம் இவை வேண்டாம். மைமலில் புல்லில் வெறுங்காலோடு நிற்காதீர்கள், புடையன் இருக்கும். காலில் வெட்டுக்காயத்தோடு வயலில் இறங்குகிறவர்கள் எலிக்காய்ச்சல் தடுப்புக் குளிசைக்குப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரை முன்கூட்டியே கேளுங்கள்.