எந்த வருஷத்து ஃப்ளையிங் ஸ்காட்ஸ்மன்? ஓஓ மாடல் எஞ்சின் கேள்வி பதில்

கடையில் ரெடிமேடாக வாங்கிய ஓஓ அளவு (அசலின் ஓர் அடிக்கு 4 மில்லிமீட்டர்) மாடல் ரயில் எஞ்சினை அசலுக்கு நெருக்கமாகக் கொண்டுவருவது பற்றிக் கேள்விகள் கேட்டிருந்தீர்கள். பாதிக்கு மேல் ஃப்ளையிங் ஸ்காட்ஸ்மன் என்ற புகழ்பெற்ற பிரிட்டிஷ் நீராவி எஞ்சினைப் பற்றித்தான். அதன் எண் ஒரு காலத்தில் 4472, பிற்பாடு 60103. பிரிட்டிஷ் மாடல் வைத்திருப்பவர்களில் அது இல்லாத வீடு குறைவு, அதனால் எனக்கு இது புதிதில்லை. அதையே நடுவில் வைத்துப் பதில் சொல்கிறேன். எதைக் கேட்டாலும் நான் முதலில் திருப்பிக் கேட்பது ‘எந்த வருஷம்?’ என்றுதான். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

கேள்வி (லண்டன், ஹாரோ): அண்ணை, செகண்ட் ஹாண்டில ஒரு 60103 வாங்கினனான். நீல நிறம், ரெட்டைப் புகைபோக்கி, முன்னுக்கு ரெண்டு பக்கமும் புகைத் தகடு. டெண்டரில (நிலக்கரியும் தண்ணியும் கொண்டுபோற பின்வண்டி) இருக்கிற முத்திரையில சிங்கம் சில்லுக்கு மேல நிக்குது. இதை எந்த வருஷம் எண்டு வச்சு ஓட்டலாம்?

பதில்: எந்த வருஷத்திலும் ஓட்ட முடியாது தம்பி. 60103 நீலத்துக்கு மாறியது 1949 டிசம்பரில். 1952-ல் அது பச்சையாகிவிட்டது. ரெட்டைப் புகைபோக்கி 1959 ஜனவரியில் வந்தது, புகைத் தகடு 1961 டிசம்பரில். நீல பெயின்டும் அந்தத் தகடும் ஒன்றையொன்று பார்த்ததே கிடையாது. தகடு வந்ததற்குக் காரணமே அந்தப் புகைபோக்கிதான். கைல்சாப் என்ற அந்த ரெட்டைப் புகைபோக்கி அமைப்பில் புகை மெதுவாக வெளியேறும், பாய்லரோடு ஒட்டிக்கொண்டே பின்னால் வந்து டிரைவரின் கண்ணை மறைக்கும்.

உங்களுக்கு முன்னால் இரண்டு வழி இருக்கிறது. தகடு, புகைபோக்கி இரண்டையும் வைத்துக்கொண்டு பச்சை அடித்து, 1956-க்குப் பிந்தைய முத்திரையை ஒட்டினால் 1962-ம் ஆண்டு எஞ்சின் கிடைக்கும். 1963 ஜனவரி 14-ல் பிரிட்டிஷ் ரயில்வேயில் அதன் கடைசி ஓட்டம், ஆகவே அந்தத் தோற்றத்தின் ஆயுள் ஓராண்டும் சில வாரங்களும்தான். அல்லது நீலத்தை அப்படியே விட்டுவிட்டு, தகடுகளைக் கழற்றி, ஓட்டைகளைப் புட்டியால் அடைத்து, ஒற்றைப் புகைபோக்கி மாற்றுங்கள். நான் இரண்டாவதைத்தான் செய்வேன். முழு எஞ்சினுக்கும் பெயின்ட் அடித்து, அந்த மெல்லிய கோடுகளையெல்லாம் மறுபடி போடுவது சாமானியமான வேலை இல்லை. உங்கள் சிங்கமும் நீலக் காலத்துக்குரியதுதான், அதைத் தொடவேண்டாம்.

ஸ்மோக்பாக்ஸ் (பாய்லரின் முன்முனை) கதவின் அடியில் உள்ள ஷெட் தகட்டையும் பாருங்கள், எஞ்சின் எந்தக் கொட்டகையைச் சேர்ந்தது என்று சொல்வது அது. கிங்ஸ் கிராஸ் ஷெட்டின் 34ஏ இருந்தால் கழற்றுங்கள். 1950 ஜூனிலிருந்து இந்த எஞ்சின் லெஸ்டர் சென்ட்ரல் ஷெட்டில் இருந்தது, அதன் குறியீடு 38சி. அதாவது நீலமாக இருந்த காலத்தில் பெரும்பகுதி அது மேரில்போன் பக்கம் போகும் கிரேட் சென்ட்ரல் பாதையில் வேலை பார்த்தது. பின்னால் சிவப்பும் கிரீமும் கலந்த பெட்டிகளை மாட்டுங்கள். எஞ்சின் முகப்பில் மாட்டும் ‘தி ஃப்ளையிங் ஸ்காட்ஸ்மன்’ என்ற பெயர்ப் பலகையை மாட்டாமல் மாடல் வந்த அட்டைப் பெட்டிக்குள்ளேயே வையுங்கள். அந்தப் பெயரில் எடின்பரோவுக்குப் போன ரயில் வேறு, எஞ்சின் வேறு.

கேள்வி (கோயம்புத்தூர்): சார், என்னிடம் ஆப்பிள் பச்சை நிற 4472 இருக்கிறது. பெட்டியில் ஏ3 வகுப்பு என்று போட்டிருக்கிறது. 1934-ல் நூறு மைல் வேகம் தொட்ட நாளைக் காட்டவேண்டும். என்ன மாற்றவேண்டும்?

பதில்: நல்ல நாளாகத்தான் பிடித்திருக்கிறீர்கள்: 1934 நவம்பர் 30. ஆனால் அன்று அது ஏ1 வகுப்பு, அதைத் திருத்தி அமைத்த ஏ3 இல்லை. ஏ3-ஆக மாற்றியது 1947 ஜனவரியில். அதற்கு முன்பே, 1946-ல், 4472 என்ற எண் போய் முதலில் 502, பிறகு 103 என்று ஆகியிருந்தது. ஆகவே ஏ3 உடம்பில் 4472 என்ற எண் எங்கே வரும் என்றால், 1963-ல் ஆலன் பெக்லர் என்ற தனியார் வாங்கிப் பழைய நிறத்தில் ஓட்டிய பிறகுதான். உங்கள் பெட்டி பொய் சொல்லவில்லை, அது காட்டும் காலம் வேறு.

ஸ்மோக்பாக்ஸின் மேல்பக்கவாட்டில், புகைபோக்கிக்குச் சற்றுப் பின்னால், இரண்டு பக்கமும் நீள்சதுர மூடித் தகடு புடைத்திருக்கிறதா பாருங்கள். அது ஏ3-யின் பெரிய சூப்பர்ஹீட்டருக்கானது (நீராவியை மேலும் சூடாக்கும் அமைப்பு). ஏ1-க்குக் கிடையாது. கத்தியால் மெல்லச் சீவி, 1000-ம் நம்பர் உப்புத்தாளால் தேய்த்து, அந்தப் பகுதிக்கு மட்டும் மங்கலான கறுப்பு அடித்தால் போதும். ஸ்மோக்பாக்ஸ் எப்படியும் கறுப்புதான், பச்சையோடு நிறம் பொருத்தும் தலைவலி இல்லை. பாய்லரின் மேல் புடைத்து நிற்கும் டோம் வட்டமாக இருக்கவேண்டும். பின்பக்கம் நீண்ட ‘பான்ஜோ’ டோம் இருந்தால் மாற்றவேண்டும். ஒற்றைப் புகைபோக்கி. டெண்டர், நடுவே ஆள் நடந்துபோகும் வழி உள்ள காரிடார் டெண்டர். 1928 ஏப்ரல் முதல் 1936 அக்டோபர் வரை அதுதான் அதனோடு இருந்தது.

எண் எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். 1929 வாக்கில்தான் எஞ்சினின் அன்றைய சொந்தக்காரரான எல்என்இஆர் ரயில்வே கம்பெனி எண்ணை டெண்டரிலிருந்து கேபின் பக்கத்துக்கு மாற்றியது. 1934-க்குக் கேபினில் வேண்டும். 1928 மே 1-ல் லண்டனிலிருந்து எடின்பரோவுக்கு நிற்காமல் ஓடத் தொடங்கிய சேவையின் முதல் பயணத்தைக் காட்டுவதாக இருந்தால் டெண்டரில் பெரிய எழுத்தில் வேண்டும்.

இணையத்தில் இந்த எஞ்சினைத் தேடினால் வரும் படங்களில் பெரும்பாலானவை 1963-க்குப் பிறகு எடுத்தவை. தேதி தெரியாத படத்தை நம்பிக் கத்தியை எடுக்காதீர்கள்.

கேள்வி (டொராண்டோ): எல்லாரிட்டையும் 60103 இருக்கு. அதையே வேற எஞ்சினாக மாத்தலாமோ?

பதில்: தாராளமாக. ஏ3-களில் பலவற்றுக்குப் பந்தயக் குதிரைகளின் பெயர். அதில் நம்மவர்கள் யாரும் விடக்கூடாத ஒன்று உண்டு: 60036, ‘கொழும்பு’. 1934-ல் டூ தவுசண்ட் கினீஸ் பந்தயம் ஜெயித்த குதிரையின் பெயர். எஞ்சினும் அதே ஆண்டு டான்காஸ்டரில் கட்டியது, முதலில் எண் 2501. பிறந்ததே ஏ3-ஆக என்பதால் மேலே சொன்ன தகடு சீவும் வேலை இல்லை. டோமுக்கும் டெண்டருக்கும் மட்டும் உங்கள் வருஷத்துப் படத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். பழைய பாய்லரைக் கழற்றி வேறொன்றைப் போடுவது டான்காஸ்டர் ஒர்க்‌ஷாப்பில் வழக்கம், ஒரே எஞ்சினுக்கு டோம் மாறிக்கொண்டே இருக்கும்.

கேள்வி (சென்னை): அச்சடித்த எண்ணை எப்படி அழிப்பது? நெயில் பாலிஷ் ரிமூவர் போடலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். அசிட்டோன் பட்டால் எண்ணோடு பெயின்டும் போகும், கீழே பிளாஸ்டிக்கும் இளகும்.

காருக்குப் போடும் ரப்பிங் காம்பவுண்ட் வாங்குங்கள். காது குடையும் பஞ்சுக் குச்சியில் துளி எடுத்து, எண்ணின் மேல் மட்டும், அழுத்தாமல், சின்ன வட்டமாகத் தேயுங்கள். முதலில் ஒன்றும் நடக்காதது போல இருக்கும். பிறகு ஓரம் மங்கும், பஞ்சில் கிரீம் நிறம் ஏறும். பஞ்சில் பச்சையும் ஏறத் தொடங்கினால் உடனே நிறுத்துங்கள். குச்சியை அடிக்கடி மாற்றுங்கள், அழுக்குப் பஞ்சு கீறும். முதல் முயற்சியை டெண்டரின் அடிப்பக்கத்தில் ஏதாவது எழுத்து இருந்தால் அங்கே செய்து பாருங்கள்.

தேய்த்த இடம் பளபளவென்று ஆகும். அது நல்லதுதான். தண்ணீரில் ஊறவைத்து ஒட்டும் டிரான்ஸ்ஃபர் பளபளப்பான பரப்பில்தான் காற்றுக்குமிழி இல்லாமல் படியும். ஐந்து இலக்கத்தில் நடு இலக்கத்தை முதலில் ஒட்டி, இரண்டு பக்கமும் நகருங்கள். இடதிலிருந்து தொடங்கினால் கடைசி இலக்கம் கோட்டின் மேல் ஏறிவிடும். ஒரு நாள் காயவிட்டு, மேலே சாட்டின் வார்னிஷ்.

சென்னை என்பதால் ஒன்று. மழை நாளில் ஸ்பிரே வார்னிஷ் அடிக்காதீர்கள். காற்றில் ஈரம் அதிகமானால் அது பால் போல வெளுத்துவிடும், கறுப்பு எஞ்சினில் கண்ணை உறுத்தும்.

கேள்வி (சிங்கப்பூர்): எட்ச் செய்த (அமிலத்தால் அரித்து எழுத்து எடுத்த) பித்தளை நேம்ப்ளேட்டை சூப்பர் குளூவால் ஒட்டலாமா?

பதில்: ஒட்டினால் சுற்றிலும் வெள்ளைப் படலம் வரும், கோணலாக உட்கார்ந்தால் நகர்த்தவும் முடியாது. கிளியர் வார்னிஷ் ஒரு துளி போதும். தகட்டைப் பிரேமிலிருந்து வெட்டியதும் ஓரத்தில் நிற்கும் பிசிரை அரத்தால் எடுத்துவிடுங்கள்.

கேள்வி (பிர்மிங்ஹாம்): மல்லார்ட் எஞ்சின் மாடல் வைத்திருக்கிறேன். 1938 ஜூலை 3-ல் மணிக்கு 126 மைல் வேகச் சாதனை செய்த நாள்தான் எனக்கு வேண்டும். ரெட்டைப் புகைபோக்கி அப்போதே இருந்ததா?

பதில்: இருந்தது. 1938 மார்ச்சில் வெளிவரும்போதே அதற்கு ரெட்டை. மல்லார்டின் ஏ4 வகுப்பில் அப்படிப் பிறந்தவை நான்குதான், மற்றவற்றுக்கு 1957, 58-ல் மாற்றினார்கள். சக்கரங்களை மறைக்கும் பக்கத் தகடும் அன்று இருந்தது, போர்க்காலத்தில் பராமரிப்புக்கு இடைஞ்சல் என்று கழற்றினார்கள். உங்கள் மாடலில் பாய்லர் பக்கத்தில் சாதனையைச் சொல்லும் சின்னத் தகடு இருக்கிறதா? இருந்தால் எடுங்கள். அதை மாட்டியது 1948-ல். சாதனை செய்துகொண்டிருக்கும் எஞ்சினில் சாதனைத் தகடு எப்படி இருக்கும்!

கேள்வி (மதுரை): தண்டவாளமே அளவு தப்பு என்கிறார்களே, மற்றதைச் சரிசெய்து என்ன பயன்?

பதில்: தப்புதான். ஓஓ-வில் ஓர் அடிக்கு 4 மில்லிமீட்டர், அந்தக் கணக்கில் அகலம் 18.83 வரவேண்டும், நாம் ஓட்டுவது 16.5. முன்னாலிருந்து பார்த்தால் தெரியும், பக்கவாட்டில் தெரியாது. சக்கரமெல்லாம் மாற்றி, சரியான அகலமுள்ள பி4 முறைக்குப் போகிறவர்கள் போகட்டும். எனக்குத் தப்பான டெண்டர்தான் அதைவிட உறுத்தும்.

கேள்வி (மதுரை, அவரே): இப்படி வெட்டி ஒட்டினால் விற்கும்போது விலை போகாதே?

பதில்: போகாது. விற்பதற்கு என்றால் பெட்டியைத் திறக்காதீர்கள்.

கேள்வி (பாரிஸ்): பெட்டியோடு வந்த சின்னப் பையில் குழாய், பிரேக் கம்பி, ஸ்க்ரூ கப்ளிங் எல்லாம் இருக்கு. எல்லாத்தையும் மாட்டலாமோ?

பதில்: உங்கள் வளைவு என்ன என்பதைப் பொறுத்தது. 438 மில்லிமீட்டர் ஆரமுள்ள இரண்டாம் வளைவில் ஓட்டினால், சிலிண்டருக்கு முன்னால் நீட்டும் டிரெயின் காக் குழாய்கள் (தண்ணீரை வெளியேற்றுபவை) முன்பக்கச் சிறு சக்கரத் தொகுதியான போகியின் சக்கரத்தில் இடிக்கும், எஞ்சின் தடம்புரளும். பிரேக் கம்பிகளை மாட்டலாம். முன் பஃபர் பீமில் வாக்குவம் குழாயும் ஸ்க்ரூ கப்ளிங்கும் மாட்டலாம், எக்ஸ்பிரஸ் எஞ்சின் முன்னால் எதையும் இழுக்கப்போவதில்லை. எக்ஸ்பிரஸுக்கு விளக்கு இரண்டு, பஃபருக்கு மேலே ஒவ்வொன்று. எஞ்சினுக்கும் டெண்டருக்கும் நடுவே உள்ள இணைப்புக் கம்பியில் இரண்டு ஓட்டை இருந்தால் கிட்டத்தில் உள்ளதைப் போட்டுப் பாருங்கள், அந்த இடைவெளி குறைந்தாலே பாதி பொம்மைத்தனம் போய்விடும். மாட்டியதும் கையால் தள்ளி, உங்களிடம் உள்ள மிகக் குறுகிய வளைவில் முன்னும் பின்னும் ஓட்டிப் பார்த்துவிட்டு அப்புறம் பசை போடுங்கள்.